தண்ணீர், பட்டா, சம்பளம்: நவஹோவையும் 'கனடியன்' வம்சாவளியையும் ஒரே தராசில் வைக்கலாமா?

கணக்குப்பிள்ளை (டல்லாஸ்)

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வம்சாவளி வாரியாக வருமானம், படிப்பு, வறுமை எல்லாம் போட்டிருப்பார்கள். நேற்று ராத்திரி தூக்கம் வராமல் இரண்டு வரிசையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று தென்மேற்கில் இருக்கும் நவஹோ பழங்குடி, இன்னொன்று தங்கள் வம்சாவளி 'கனடியன்' என்று எழுதிக்கொடுத்தவர்கள். எதை எடுத்தாலும் கனடியன் மேலே, நவஹோ அதலபாதாளத்தில். 'நவஹோ நாடு' என்று சொந்த அரசோடு இருக்கும் ஒதுக்கு நிலத்துக்குள் வசிப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் வறுமைக்கோட்டுக்குக் கீழே. நிலக்கரி, யுரேனியம், எண்ணெய் எல்லாம் காலுக்கடியில் இருந்தும் இந்த நிலை. கையில் ஒன்றுமில்லாமல் வடக்கேயிருந்து மில் வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். 150 வருஷம் முன் அரசு அவர்களை விரட்டியதையே இன்னும் எத்தனை நாள் காரணம் சொல்வது? அடிக்க வாருங்கள், ஆனால் கணக்கோடு வாருங்கள்.

பாலைவனத்தான் (ஃபீனிக்ஸ்)

கணக்கு அப்புறம். முதலில் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன் சார்.

போன அக்டோபரில் மான்யுமென்ட் வேலி போகும் வழியில் கேமரன் தாண்டி சாலையோரக் கடை ஒன்றில் நிறுத்தினோம். பலகை மேல் டர்காய்ஸ் மாலைகள். விற்ற அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். பின்னால் அவர் வீடு. கூரைத் தகடு பறக்காமல் இருக்கப் பழைய டயர்களை ஏற்றி வைத்திருந்தார்கள். வாசலில் பிக்கப் வண்டி, அதில் வெள்ளை பிளாஸ்டிக் தொட்டி. வாரத்துக்கு இரண்டு நடை தண்ணீர் எடுத்து வரவேண்டுமாம், போக வர ஒரு மணி நேரம். தலைக்கு மேல் உயர் அழுத்த மின்கம்பி 'ங்ங்' என்று இரைந்துகொண்டே போகிறது. வீட்டுக்குள் விளக்கு இல்லை.

அந்தப் பக்கத்து மின்சாரம் எங்கே போனது தெரியுமா? பேஜ் ஊரில் 2019 வரை ஓடிய நவஹோ அனல்மின் நிலையம், கொலராடோ ஆற்றுத் தண்ணீரைப் பாலைவனம் தாண்டி ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் ஏற்ற மின்சாரம் கொடுத்தது. என் ஊர்க் குழாயில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு அப்படி வந்ததுதான். அங்கே நவஹோ வீடுகளில் சுமார் 30 சதவீதத்துக்கு இன்றும் குழாய் இல்லை. இதையும் உங்கள் அட்டவணையில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

சும்மாவந்தேன்

அவங்களுக்குத்தான் கேசினோ இருக்கே, வரியும் கிடையாதே? அப்புறம் என்ன ஏழை?

பாலைவனத்தான் (ஃபீனிக்ஸ்)

தம்பி, கேசினோ வேண்டாம் என்று 1994-லும் 1997-லும் நவஹோ மக்களே ஓட்டுப் போட்டுத் தோற்கடித்தார்கள். முதல் கேசினோ திறந்ததே 2008-ல். மத்திய வருமான வரி உனக்கு எப்படியோ அப்படித்தான் அவர்களுக்கும்.

நாஷுவா நளினி

நான் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கிறேன். பிரெஞ்சுக் கனடியர்களின் பேரப்பிள்ளைகள் நடுவில்தான் என் வேலை, அதனால் 'கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர்கள்' பற்றி நான் பேசலாம்.

1840 முதல் 1930 வரை சுமார் 9 லட்சம் பேர் கியூபெக் பக்கமிருந்து இறங்கி வந்தார்கள். லோவல், மான்செஸ்டர், ஃபால் ரிவர், வூன்சாக்கெட் எல்லாம் இந்தப் பக்கத்துப் பஞ்சாலை ஊர்கள். மான்செஸ்டர் அமோஸ்கீக் ஆலையில் பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைகள் நூல் சுற்றினார்கள். இவர்களையும் யாரும் தாம்பாளத்தில் வைத்து வரவேற்கவில்லை. 1881-ல் மாசசூசெட்ஸ் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் அறிக்கையே 'கிழக்கு மாநிலங்களின் சீனர்கள்' என்று எழுதியது. அது இரண்டு இனத்துக்கும் சேர்த்து வசவு. மெயின் மாநிலம் 1919-ல் பொதுப்பள்ளியில் பிரெஞ்சில் பாடம் நடத்தவே தடை போட்டது. என் கூட வேலை செய்யும் ஒருவரின் பாட்டி (அவர்கள் 'மெமேர்' என்பார்கள்) பள்ளியில் பிரெஞ்சு வாயில் வந்தால் முட்டி போட்டு நிற்பாராம்.

கணக்குப்பிள்ளை சார் உடனே 'அதைத்தானே சொன்னேன், அவர்கள் முன்னேறவில்லையா' என்பார். முன்னேறினார்கள். எப்படி? மான்செஸ்டரில் 1908-ல் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலை ஒட்டி ஆலைத் தொழிலாளிகள் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். இப்போது செயின்ட் மேரிஸ் பேங்க் என்று பெயர், அமெரிக்காவின் முதல் கிரெடிட் யூனியன் அதுதான். சேமித்ததை வைத்துக் கடன், கடனில் மனை, மனைக்குப் பத்திரம். பத்திரம் கையில் வந்ததும் அடுத்த தலைமுறைக்கு வங்கிக் கதவு திறந்தது. அந்தப் பத்திரம் நவஹோவுக்குக் கிடைக்குமா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை (டல்லாஸ்)

அம்மா, நீங்களே என் வாதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். சிக்கல் பட்டாதான். நவஹோ நிலம் மத்திய அரசின் பொறுப்பில் பொதுச் சொத்தாக இருக்கிறது. தனியாள் வீடு கட்ட வேண்டுமானால் மனைக் குத்தகை வாங்கவேண்டும். சரி, அதற்கு முட்டுக்கட்டை போடுவது வாஷிங்டன் மட்டுமா? அந்த இடத்தில் மேய்ச்சல் உரிமை வைத்திருக்கும் நவஹோ குடும்பம் சம்மதித்துக் கையெழுத்துப் போடவேண்டும். 20 ஆடு வைத்திருக்கும் பெரியப்பா 'மாட்டேன்' என்றால் பேரனுக்கு வீடு கிடையாது. இது அவர்களே வைத்துக்கொண்டிருக்கும் ஏற்பாடு.

தலைவர்கள் லட்சணமும் சொல்கிறேன். 1987-ல் பிக் போக்கியஸ் என்ற பெரிய பண்ணை. தரகர்கள் 2 கோடியே 62 லட்சம் டாலருக்கு வாங்கி, வாங்கிய சூட்டோடு நவஹோ அரசுக்கு 3 கோடியே 34 லட்சத்துக்கு விற்றார்கள். அதற்குத் துணைபோன வழக்கில் தலைவர் பீட்டர் மெக்டொனால்ட் சிறைக்குப் போனார். கொரோனா நிவாரணமாக 2021-ல் 200 கோடி டாலருக்கு மேல் வந்தது. செலவழிக்கத் தாள் நகரவில்லை என்று அவர்கள் மக்களே திட்டினார்கள். எல்லாவற்றுக்கும் வெள்ளைக்காரனைக் கைகாட்டினால், அந்த டயர் வைத்த கூரை அப்படியேதான் இருக்கும்.

பாலைவனத்தான் (ஃபீனிக்ஸ்)

மெக்டொனால்ட் விஷயம் உண்மை. மறுக்க மாட்டேன், மேய்ச்சல் தகராறும் உண்மை.

ஆனால் அந்தக் கூரைக்கு வருவோம், நீங்களே இழுத்துவிட்டீர்கள். நான் அந்த அம்மாவிடம் கேட்டேன், 'ஏன் மாற்றவில்லை?' என்று. 'மாற்றக்கூடாது என்று சட்டம் இருந்தது' என்றார். ஏதோ வயசான பேச்சு என்று நினைத்தேன். திரும்பி வந்து படித்தால், நிஜம். 1966-ல் 'இந்தியர்' (பழங்குடிகளை அரசு அப்படித்தான் சொல்லும்) விவகார ஆணையர் ராபர்ட் பென்னெட், பக்கத்துப் பழங்குடியான ஹோப்பி மக்களுடனான எல்லைத் தகராறைக் காரணம் காட்டி, மேற்கு நவஹோவில் 15 லட்சம் ஏக்கரில் எந்தக் கட்டுமானமும் கூடாது என்று உத்தரவு போட்டார். வீடு, குழாய், மின்கம்பி, சாலை எதுவும் கூடாது. ஓட்டைக் கூரையை மாற்றவும் அனுமதி வாங்கவேண்டும், அது கிடைக்காது. 'பென்னெட் ஃப்ரீஸ்' என்று அவர்கள் சொல்வது இதைத்தான். எடுத்தது 2009-ல். 43 வருஷம் சார்! அந்த அம்மா கல்யாணமாகிப் பிள்ளை பெற்றுப் பேரன் எடுத்தது வரை முழுக்க அந்தத் தடைக்குள். இது 150 வருஷத்துக் கதையா?

நிலக்கரிக்கும் வருகிறேன். பீபாடி சுரங்கக் கம்பெனியோடு 1964-ல் போட்ட குத்தகையில் நவஹோவுக்குப் பங்கு டன்னுக்கு அதிகபட்சம் 37.5 சென்ட். 1984-ல் இந்தியர் விவகாரத் துறையின் வட்டார அதிகாரியே அதை விற்ற பணத்தில் 20 சதவீதமாக உயர்த்தினார். பீபாடி முறையிட்டது. உள்துறைச் செயலர் டொனால்ட் ஹோடல், நவஹோ தரப்புக்குத் தெரியாமல் கம்பெனி ஆளைத் தனியாகச் சந்தித்தபின் முடிவைக் கிடப்பில் போடச் சொன்னார். காத்திருந்து காத்திருந்து கடைசியில் 12.5 சதவீதத்துக்கு நவஹோ கையெழுத்திட்டது. பின்னால் வழக்குப் போட்டால் 2003-ல் உச்ச நீதிமன்றம் 'அரசு நஷ்டஈடு தரத் தேவையில்லை' என்றது. இவ்வளவும் பத்தாதென்று, வறண்ட பூமியின் நிலத்தடி நீரை உறிஞ்சி, கரித்தூளோடு கலந்து 440 கி.மீ. குழாயில் நெவாடா வரை தள்ளினார்கள், 2005 வரைக்கும். குழாயில் தண்ணீர் ஓடியது, வீட்டுக் குழாயில்தான் இல்லை.

நாஷுவா நளினி

பட்டா கொடுத்தால் சரியாகிவிடும் என்பதற்கும் ஒரு வார்த்தை. அமெரிக்க அரசு அதைச் செய்து பார்த்துவிட்டது சார். 1887-ல் டாஸ் சட்டம், பழங்குடி நிலத்தைத் துண்டு போட்டுத் தனித்தனிப் பெயருக்கு எழுதிக்கொடுத்தது. மிஞ்சியதை 'உபரி' என்று வந்தேறிகளுக்கு விற்றது. 13.8 கோடி ஏக்கர் 1934-க்குள் 4.8 கோடி ஆனது. நவஹோ பெருமளவு அதில் தப்பியது, கிழக்கே 'செக்கர்போர்டு' என்ற பகுதியைத் தவிர. அங்கே இப்போது ஒரே துண்டுக்கு நூற்றுக்கணக்கான வாரிசுகள். நம் ஊர்க் கூட்டுப்பட்டாவில் நாலு பங்காளி கையெழுத்து வாங்கவே நாக்குத் தள்ளும். இங்கே எத்தனை பேரைத் தேடுவது?

இன்னொன்று, 1944-ல் போர்வீரர்களுக்கு வந்த ஜி.ஐ. சலுகை. இங்கே என் ஊர் பிரெஞ்சுக் கனடிய வீட்டுப் பையன் பசிபிக்கிலிருந்து திரும்பி, அரசு உத்தரவாதத்தில் கடன் வாங்கி வீடு கட்டினான். அதே பசிபிக்கில் நவஹோ மொழியைச் சங்கேதமாக்கி ஜப்பானியரைத் திணறடித்தவன் ஊர் திரும்பினால், அடமானம் வைக்க நிலம் அவன் பெயரில் இல்லை. வங்கி வேண்டாம் என்றது. அப்படிப்பட்ட நிலத்துக்கென்று தனிக் கடன் திட்டம் வந்தது 1992-ல். அரிசோனாவில் அவனுக்கு ஓட்டே 1948-ல்தான் வந்தது. ஒரே போர், ஒரே சீருடை. உங்கள் இரண்டு வரிசைகளும் பிரிகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். முயற்சியில் குறை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஸ்கார்பரோ சிவா

நான் பிந்தி வாறன், மன்னிக்கோணும். கணக்குப்பிள்ளை அண்ணை, உங்கட அட்டவணையில எனக்கு வேற பிரச்சினை. 'கனடியன்' எண்டு எழுதினது ஆர்? மில்லுக்கு வந்தவையின்ர பிள்ளையள் கனபேர் 'பிரெஞ்சுக் கனடியன்' எண்டு வேற வரியில எழுதுவினம். வெறும் 'கனடியன்' எண்டு போடுறவையில, இங்க கனடாவில படிச்சு முடிச்சு வேலை விசாவில தெற்கால போன நர்ஸ், எஞ்சினியர்மாரும் இருப்பினம். நல்லா இருக்கிற ஆக்களை வடிகட்டி எடுத்து வச்சிட்டு, ஒரு முழுச் சனத்தோட, கிழவன் குஞ்சு குருமான் எல்லாரோடயும் ஒப்பிடுறியள். மாங்காயும் மாங்கொட்டையும்.

இன்னுமொரு பகிடி சொல்லட்டே? நவஹோ ஆக்கள் தங்களைத் தாங்கள் 'தினே' எண்டுதான் சொல்லுவினம். அவையின்ர பாஷை அத்தபாஸ்கன் குடும்பம். இங்க கனடா வடமேற்கில இருக்கிற தெனே சனத்தின்ர பாஷைக்குச் சொந்தம். பல நூறு வருசத்துக்கு முன்னம் அந்தப் பக்கமிருந்து இறங்கி வந்த ஆக்கள்தான் எண்டு மொழி ஆராய்ச்சியாளர் சொல்லுகினம். அப்ப உண்மையான கனடிய வம்சாவளி ஆர் அண்ணை?

இங்க கனடாவுக்குள்ளயே பாருங்கோ. ஒன்ராறியோ வடக்கில நெஸ்கன்டாகா எண்டு ஒரு முதற்குடி (இங்கத்தைப் பழங்குடி) ஊர். 1995-ல இருந்து தண்ணியைக் கொதிக்க வச்சுத்தான் குடிக்கோணும் எண்டு எச்சரிக்கை. நான் இங்க வந்து இறங்கின அண்டே குழாயில வாய் வச்சுக் குடிச்சனான்.

கணக்குப்பிள்ளை (டல்லாஸ்)

சிவா, வடிகட்டின விஷயம் சரியான அடி. ஒப்புக்கொள்கிறேன், அந்த வரிசையை நான் எடுத்திருக்கக் கூடாது. பென்னெட் தடை எனக்குப் புதுசு. ராத்திரி முழுக்கப் படித்தேன்.

ஆனால் பாலைவனத்தான், தடை நீங்கியது 2009. அதற்குப் பிறகு ஆன வருஷங்கள்? 88 பேர் இருந்த நவஹோ சபையை 24 ஆகக் குறைக்க அதே 2009-ல் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். தங்கள் அரசுமேல் அவர்களுக்கே அவ்வளவு எரிச்சல். அதையும் சொல்லாமல் விடுவது அவர்களைக் குழந்தையாக நடத்துவதாகாதா?

பாலைவனத்தான் (ஃபீனிக்ஸ்)

ஆகும். அதனால்தான் மெக்டொனால்டை மறுக்கவில்லை. ஆனால் 43 வருஷம் ஒரு கம்பம் நடாத இடத்தில் தடையை எடுத்த மறுநாள் என்ன முளைக்கும்? அடுத்த வீடு மூன்று மைல் தள்ளி. ஒரு வீட்டுக்குக் கம்பி இழுக்கவே ஆயிரக்கணக்கில் டாலர். தண்ணீருக்கு நீதிமன்றம் போனார்கள். அரசோடு போட்ட 1868 ஒப்பந்தத்தில் 'இதுவே உங்கள் நிரந்தர வீடு' என்று எழுதிக்கொடுத்தீர்களே, தண்ணீர் இல்லாமல் என்ன வீடு என்று கேட்டார்கள். 2023 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 4 என்று தீர்ப்பு, 'தண்ணீர் கிடைக்க வழிசெய்யும் கடமை அரசுக்கு இல்லை'. எதிர்த்து எழுதியவர் நீதிபதி கோர்சச், ட்ரம்ப் நியமித்தவர். உங்கள் பக்கத்து ஆள்தான் சார் :)

கணக்குப்பிள்ளை (டல்லாஸ்)

அவரை என் பக்கத்து ஆள் என்று நானே சொல்லிக்கொண்டதில்லை. சரி விடுங்கள்.

மேய்ச்சல் உரிமை விஷயத்தில் நான் சொன்னதை மாற்றமாட்டேன். பெரியப்பாவிடம் இருக்கும் அந்தக் கையெழுத்து அதிகாரத்தை அவர்கள் சபையே தளர்த்தலாம். அதற்கு வாஷிங்டன் வரவேண்டியதில்லை. 'கனடியன்' வரிசையைத் தூக்கிவிட்டு, அதற்குப் பதில் கனடாவின் முதற்குடி ஊர்களை வைத்து அட்டவணையைத் திரும்பப் போடுகிறேன். ஞாயிறு வரை டைம் கொடுங்கள்.

ஸ்கார்பரோ சிவா

போடுங்கோ அண்ணை. தண்ணிக்கு ஒரு நிரல் விட மறக்காதேங்கோ.