தீவுக்குக் காவல், கரைக்கு என்ன?

தொண்டிக் கரை:
பாக் விரிகுடாவில் கடற்பசுவுக்கென்று 448 சதுர கிலோமீட்டர் காப்பகத்தை 2022-இல் அறிவித்தார்கள். அது தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோடு நின்றுவிட்டது. ஆவுளியா என்று நாம் சொல்லும் அந்தக் கடற்பசுவுக்கு மாவட்ட எல்லை தெரியுமா? அது மேயும் கடற்புல் தொண்டி, தேவிபட்டினம் பக்கமும் இருக்கிறது. தெற்கே மன்னார் வளைகுடாவில் 1989 முதல் உயிர்க்கோளக் காப்பகம் இருக்கிறதல்லவா, அதுபோல பாக் விரிகுடாவான நம் வடகடலுக்கும் ஒன்று வேண்டும். நடுவில் கண்டிப்பான காவல், அடுத்த வட்டத்தில் கட்டுப்பாட்டோடு தொழில், வெளிவட்டத்தில் ஊர் வளர்ச்சி. இதில் மீனவனுக்கு என்ன இழப்பு?

பாம்பன் மகள்:
இழப்பை எங்களிடம் கேளுங்கள் அண்ணா. எங்கள் மன்னார் வளைகுடாக் காப்பகம் 10,500 சதுர கிலோமீட்டர்; அதில் தேசியப் பூங்கா 560 மட்டும்தான். ஆனால் எந்த 560? 21 தீவுகளும், அவற்றைச் சுற்றிக் கரைப்பக்கம் 3.5 பாகம், கடற்பக்கம் 5 பாகம் ஆழம் வரை உள்ள நீரும். ஒரு பாகம் என்றால் ஆறடி. மூச்சடக்கி மூழ்கும் பெண்ணுக்கு எட்டுகிற ஆழமே அதுதான். என் அம்மா விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பை கட்டிக்கொண்டு மரிக்கொழுந்து என்ற கடற்பாசி எடுத்தவர். பாறை கிழித்த விரலைத் திரும்பவும் உப்புத் தண்ணீருக்குள்தான் வைக்க வேண்டும். அப்படிச் சேர்த்த மூட்டையைக் கரையில் பிடுங்கிக்கொண்டார்கள். அதே காப்பகத்தின் வழியே போகும் சேதுக் கால்வாய்த் திட்டத்தை 2005-இல் மதுரையில் விழா எடுத்துத் தொடங்கினார்கள். அம்மாவின் பைக்குக் காட்டிய கண்டிப்பு அதற்கு எங்கே போயிற்று?

கீழக்கரைப் பெரியவர்:
பூங்கா வந்திராவிட்டால் பாசி ஒட்டுவதற்கு ஒரு கல் மிஞ்சியிருக்குமா, மகளே? முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையை, பெயர்த்துப் படகு படகாக ஏற்றிச் சுண்ணாம்புக் காளவாய்க்குக் கொண்டுபோன காலத்தை நேரில் பார்த்தவன் நான். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. அலையை வாங்கிக்கொள்ளும் பாறையைப் பெயர்த்துவிட்டால் தீவின் மணல் எப்படி நிற்கும்? 2001-இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகுதான் அந்தத் தொழில் ஓய்ந்தது. போதாததற்கு 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. இந்த நிலையில் தீவோரத்தில் யாரையும் விடக்கூடாது என்பதுதான் என் கருத்து.

பாம்பன் மகள்:
கல் வெட்டியவர்கள் நாங்கள் அல்ல ஐயா. மாற்றுத் தொழில் என்று தெப்பத்தில் கப்பாபைகஸ் வளர்க்கச் சொன்னார்கள். வெளிநாட்டுப் பாசி. அது குருசடைத் தீவுக்குப் போய் உயிருள்ள பவளத்தை மூடியது. கடலை அறிந்த ஒரு பெண்ணையாவது கேட்டுவிட்டுக் கொண்டுவந்தார்களா? பாசி எடுக்கும் பெண்கள் ஒன்றுகூடி, மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது என்று முடிவெடுத்தோம். பாசி மறுபடி வளர வேண்டும் என்ற அக்கறை எங்களுக்கு உண்டு.

தொண்டிக் கரை:
நான் கேட்பதும் இதைத்தானே தங்கச்சி! அந்த 12 நாள் ஒழுங்குக்குக் காப்பகத்தில் கட்டுப்பாட்டோடு தொழில் செய்யும் இரண்டாம் வட்டத்தில் இடம் கொடுத்துவிட்டால்? நம் ராமநாதபுரம் மாவட்டத்து வளமாவூரில் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா வருகிறது. காப்பகம் இல்லாவிட்டால் அங்கே எதை வளர்ப்பது, எதை வளர்க்கக் கூடாது என்று கேட்க ஆள் இருக்காது.

பாம்பன் மகள்:
எந்தச் சட்டத்தை வைத்துக் கேட்பீர்கள்? உயிர்க்கோளக் காப்பகத்துக்கு நம் நாட்டில் தனிச் சட்டமே கிடையாது. பூங்காவுக்கு 1972 வனவிலங்குச் சட்டம் காவல். மற்ற இரண்டு வட்டங்களில் சொல்லும் வளர்ச்சியும் வாழ்வாதாரமும் திட்ட அறிக்கையில்தான் இருக்கின்றன. மூட்டையைப் பிடுங்கச் சட்டம் இருக்கிறது. அதற்கு ஈடாகத் தருவதாகச் சொன்னதைக் கேட்டு வாங்க ஒரு பிரிவு இல்லை. கரையோரக் கடலை நாட்டுப்படகுக்கென்று ஒதுக்கிய 1983 சட்டமே இருக்கிறது. அதை மீறி விசைப்படகு இழுத்துப்போகும் இழுவைமடி வலை கடற்புல்லை வேரோடு அரித்துக்கொண்டு போகிறது. முதலில் அதை நிறுத்துங்கள். ஆவுளியாவும் பிழைக்கும், நாட்டுப்படகும் பிழைக்கும்.

கீழக்கரைப் பெரியவர்:
இழுவைமடி விஷயத்தில் உன் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் தீவோரம் வேண்டாம். ஒரு சாராருக்குத் திறந்தால் நாளை படகுச் சவாரிக்காரர்கள் வந்து நிற்பார்கள்.

பாம்பன் மகள்:
குருசடைக்குச் சுற்றுலாப் படகு ஏற்கெனவே போகிறது ஐயா. எங்களுக்குத்தான் தடை. தொண்டி அண்ணா, உங்கள் கடலுக்குக் காப்பகம் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். வரைபடத்தில் முதல் கோடு விழுவதற்கு முன்னால், ஊர்க் கூட்டத்தில் பாசி எடுக்கும் பெண்களும் நண்டு வலைக்காரர்களும் உட்கார்ந்திருக்க வேண்டும், அவர்கள் தொழில் உரிமை அரசாணையிலேயே இருக்க வேண்டும். அது இல்லாத மனுவில் என் பெயர் இருக்காது.