வேலைக்கு வரும் அக்கா வேதாகமம் கேட்கிறார், கொடுக்கலாமா? (பெங்களூரு)

லிங்கராஜபுரம் நர்ஸ்:
எல்லோருக்கும் வணக்கம். ஊர் மார்த்தாண்டம் பக்கம். ரியாத்தில் நர்ஸாக இருந்துவிட்டு இப்போது இங்கே அம்மாவோடு இருக்கிறேன்.

அம்மாவுக்குக் காது மந்தம். காலையில் கூடத்தில் உட்கார்ந்து வேதாகமத்தில் இருக்கிற சங்கீதம் என்னும் துதிப்பாடல்களை வாசித்தால் தெருமுனை வரை கேட்கும். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா கிருஷ்ணகிரிக்காரர், மாரியம்மனுக்கு வருஷா வருஷம் தீ மிதிக்கிறவர். போன வாரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "அம்மா படிக்கிறாங்களே, அந்தப் புஸ்தகம் எனக்கு ஒண்ணு கிடைக்குமா? மலையைப் பாக்குற பாட்டு அதுல இருக்கணும்" என்று கேட்டார். 121-ஆம் சங்கீதத்தைத்தான் சொல்கிறார்.

கொடுத்துவிட எனக்கு ஆசை. அண்ணன்தான், "எதுக்கு வம்பு? மதம் மாத்துறாங்கன்னு நாளைக்கு யாராவது கிளப்பிவிட்டா?" என்கிறார்.

ரியாத்துக்குப் போனபோது, அப்பா வைத்திருந்த கறுப்பு அட்டை வேதாகமத்தைப் பெட்டியில் வைக்கத் துணிவில்லாமல் ஊரிலேயே விட்டுவிட்டேன். அங்கே தோழி ஒருத்தியிடம் சின்ன புதிய ஏற்பாடு ஒன்று இருந்தது. அலமாரியில் உடுப்புக்கு அடியில் கிடக்கும். வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு நாலைந்து பேர் ஜெபிப்போம். கீர்த்தனையைக் கிசுகிசுப்பாகப் பாடிப் பாருங்கள், தொண்டை வலிக்கும்! இங்கே அதே கறுப்பு வேதாகமத்தை பிஎம்டிசி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஆராதனைக்குப் போகிறேன். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. யாரும் கண்டுகொள்ளாமல் இருப்பதற்காகவே கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்கிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இவ்வளவு சுதந்திரம் இருக்கிற இடத்தில், கேட்டு வந்தவருக்குக் கொடுக்க யோசிப்பது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. சட்டப்படி சிக்கல் உண்டா? அவருக்குப் பெரிய எழுத்தில் வேண்டும், எங்கே வாங்கலாம்?

சிவாஜிநகர் வக்கீல்:
தாராளமாகக் கொடுங்கள். அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. மதம் மாற்றுவது தனி உரிமை ஆகாது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஒருவர் கேட்ட புத்தகத்தைக் கொடுப்பது மதமாற்றம் இல்லையே. கர்நாடகத்தில் 2022-ல் வந்த சட்டம் குறிவைத்தது வற்புறுத்தல், மோசடி, ஆசைகாட்டல் மூலம் நடக்கும் மதமாற்றத்தை. அதையும் நீக்குவதென்று 2023-ல் அமைச்சரவை முடிவெடுத்தது. நான் சொல்வது ஒன்றுதான்: சம்பள உயர்வையும் வேதாகமத்தையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. 'பரப்பும்' உரிமை வேண்டுமா என்று 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பலத்த விவாதம் நடந்தது. அதை ஆதரித்துப் பேசியவர்களில், பின்னாளில் நிதி அமைச்சரான நம் டி.டி.கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் பல வருஷம் படித்தும் தன்னை யாரும் மதம் மாற்ற முயலவில்லை என்று சபையிலேயே சொன்னார்.

நாசரேத் தாத்தா:
மகளே, உன் அண்ணனிடம் தரங்கம்பாடி கதையைச் சொல். அது அப்போது டென்மார்க்காரர் கையில் இருந்த ஊர். டென்மார்க் ராஜா அனுப்பிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706-ல் அங்கே வந்து இறங்கினார். அவரைப் பிடித்துக் கோட்டைக்குள் அடைத்தது தஞ்சாவூர் ராஜா இல்லை, அங்கே இருந்த டேனிஷ் தளபதியேதான். நாலு மாசம் போல உள்ளே கிடந்தார். வெளியே வந்த பிறகும் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கும் வேலையை விடவில்லை. ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் அச்செழுத்து ரொம்பப் பெரிசு. அதை வைத்து அடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. அதனால் இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இந்திய மொழிகளில் அதுதான் முதல். உன் வேலைக்காரப் பெண் பெரிய எழுத்து கேட்கிறாள் என்றதும் எனக்கு அந்த ஹாலே எழுத்து ஞாபகம் வந்துவிட்டது, அதான் இவ்வளவும்!

வாங்க வேண்டுமென்றால் எம்.ஜி. ரோட்டில் இந்திய வேதாகமச் சங்கத்தின் தலைமை அலுவலகம் இருக்கிறது, அங்கே விசாரி. எளிய தமிழ் போதுமென்றால் 1995-ல் வந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பையும் பார்க்கலாம். ஆனால் உன் அம்மா வாசிப்பது பழைய மொழிபெயர்ப்பாக இருந்தால் அதையே கொடு. அவள் காதில் விழுந்தது அதுதானே.

அல்சூர் முருகேசன்:
நான் இந்து. காலேஜில் படிக்கும்போது ஒருவர் கொடுத்த குட்டி புதிய ஏற்பாடு இன்னும் என் மேசையில் கிடக்கிறது, அதில் இயேசுவின் மலைப்பிரசங்கத்தை மட்டும் அவ்வப்போது படிப்பேன். எனக்கு எரிச்சலாக இருந்தது புத்தகம் இல்லை; அதற்குப் பிறகு வாரா வாரம் "படிச்சீங்களா? எப்ப சர்ச்சுக்கு வர்றீங்க?" என்று வந்த போன்தான். கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுங்கள் மேடம்.

லிங்கராஜபுரம் நர்ஸ்:
எல்லோருக்கும் நன்றி. தாத்தா, அவரை வேலைக்காரப் பெண் என்று சொல்லாதீர்கள், அவருக்கு என்னைவிட வயசு அதிகம்.

பெரிய எழுத்துப் புத்தகம் வாங்கியாயிற்று, நல்ல கனம். முருகேசன் சார் சொன்னபடி நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவால்தான் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை, பக்கம் எடுத்துக் கொடுத்து அடையாளத்துக்குக் காலண்டர் தாள் வேறு சொருகிவிட்டார். அக்கா எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார். ஒலிவடிவத்தில் நல்ல தமிழ் வாசிப்பு எதில் கிடைக்கும்? அவர் மகனிடம் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது.