ஆர்கானிக்னு ரெண்டு மடங்கு விலை: எதுக்குக் கொடுக்கலாம், எதுக்கு வேண்டாம்?

கேள்வி: கோட்டைவீட்டு அம்மு

தர்மபுரி டவுன்ல இருக்கோம். வீட்ல நாலு பேர், அதுல மூணு வயசுக் குழந்தை ஒண்ணு. காய்கறி, மளிகை எல்லாத்தையும் ஆர்கானிக்கா மாத்தலாம்னு கணக்குப் போட்டா மாசச் செலவு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகுது. உழவர் சந்தையில தக்காளி 30 விக்கிற அன்னைக்கு இயற்கை அங்காடியில 70. ராகி, சாமை, வெல்லம், எண்ணெய்னு எதை எடுத்தாலும் இதே கதைதான். எல்லாத்தையும் மாத்த முடியாது. எதுக்கு அந்தக் காசு தகும்? பாக்கெட்ல "இயற்கை"ன்னு போட்டிருந்தா நம்பலாமா?

பதில்: பாலக்கோட்டான்

ராகி, சாமை, கொள்ளு, புளி இதுக்கெல்லாம் பூச்சி மருந்துக்குப் பயந்து கூடுதல் விலை கொடுக்காதீங்க. நம்ம பக்கம் இதெல்லாம் பெரும்பாலும் மானாவாரி. ராகிக்கு விதை நேர்த்தி பண்ணுவாங்க, உரம் கொஞ்சம் போடுவாங்க. விக்கிற விலைக்குப் பூச்சி மருந்து அடிச்சா கட்டுப்படியாகாது, அதனால அடிக்கிறதே அபூர்வம். சிட்லிங்கி பக்கம் விவசாயிங்க சங்கமா சேர்ந்து இயற்கை முறையில சிறுதானியம் விளைவிக்கிறாங்க. கிடைச்சா தாராளமா வாங்குங்க, ஆனா அது விளைவிச்சவங்களுக்கு நியாய விலை போகட்டும்னு கொடுக்குற காசு.

சாமையில பார்க்க வேண்டியது பாலிஷ். வெள்ளை வெளேர்னு இருந்தா தவிடு போயிடுச்சு, ஆர்கானிக் முத்திரை இருந்தாலும் நார்ச்சத்து திரும்ப வராது. தீட்டாத சாமை மங்கின பழுப்பா இருக்கும். தவிட்டுல எண்ணெய் இருக்குறதால சீக்கிரம் சிக்கு வாடை வரும், ஒரு மாசத்துக்கு மேல வாங்கி வைக்காதீங்க.

காசைக் காய்கறிக்குத் திருப்புங்க, அதுலயும் சிலதுக்கு மட்டும். கத்தரி, பச்சை மிளகாய், காலிஃபிளவர், குடமிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி. கத்தரியில காய்ப்புழு உள்ள துளைச்சுப் போயிட்டா மருந்து எட்டாது. அதனால காய் பிடிச்ச பிறகும் அடிச்சுக்கிட்டே இருப்பாங்க. மருந்து டப்பாவில அடிச்ச பிறகு இத்தனை நாள் கழிச்சுதான் பறிக்கணும்னு போட்டிருக்கும். ஆனா கத்தரி நாலஞ்சு நாளுக்கு ஒரு பறிப்பு. காத்திருந்தா காய் முத்திடும், விலை போகாது. ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில் குடமிளகாய்க்கு இலைப்பேன், சிலந்தி தொல்லை ஜாஸ்தி, உள்ள மழை பட்டுக் கழுவிப் போகவும் வழியில்ல. கறிவேப்பிலையில இலையையேதான் சாப்பிடுறோம், உரிச்சுப் போடத் தோல் இல்ல. அதுக்கு இயற்கை அங்காடியே வேண்டாம், தொட்டியில ஒரு செடி வைங்க.

வெங்காயம், தேங்காய், வாழைப்பழம், சேனைக்கு உழவர் சந்தையே போதும்.

பதில்: சான்றுச்சாமி

"இயற்கை", "நாட்டு", "பாரம்பரிய" இந்த வார்த்தைங்களுக்கு ஒரு மதிப்பும் இல்ல, யார் வேணா அச்சடிக்கலாம். பாக்கெட்டா வாங்கினா ஜைவிக் பாரத் முத்திரை இருக்கணும். 2017-ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டு வந்த விதிப்படி அதுக்குப் பின்னாடி ரெண்டு வழி உண்டு. ஒண்ணு என்பிஓபி: வெளி நிறுவனம் வந்து தணிக்கை பண்ணும், நம்ம மாநிலத்துல கோயம்புத்தூர்ல இருக்குற விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்றுத் துறையும் அதைக் கொடுக்குது. இன்னொண்ணு பிஜிஎஸ்: விவசாயிங்க குழுவா சேர்ந்து ஒருத்தர் நிலத்தை ஒருத்தர் பார்த்துச் சான்று கொடுக்குறது. இதுல "பிஜிஎஸ் கிரீன்"னு இருந்தா நிலம் இன்னும் மாற்றத்துல இருக்குன்னு அர்த்தம். அதுக்கு முழு ஆர்கானிக் விலை கேட்டா கொடுக்காதீங்க.

விளைவிச்ச சின்ன விவசாயியே நேரா உங்களுக்கு வித்தா சான்று கட்டாயம் இல்ல. ஆனா கைமாத்தி விக்கிற கடைக்காரர் அந்தச் சலுகையைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

சத்து அதிகம்னு சொல்றதை நம்பி வாங்காதீங்க. 2012-ல ஸ்டான்ஃபோர்டு ஆட்கள் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தப்ப சத்துல பெரிய வித்தியாசம் தெரியல, மருந்து எச்சம்தான் குறைவா இருந்தது.

கேட்டவர்: கோட்டைவீட்டு அம்மு

ரொம்ப நன்றிங்க. சாதாரணக் காயைக் கழுவினா மருந்து போயிடுமா? எண்ணெய், வெல்லம் பத்தியும் சொல்லுங்க.

பதில்: பாலக்கோட்டான்

மேலாப்புல இருக்குறது போகும், செடி உறிஞ்சினது போகாது. இமிடாகுளோப்ரிட் மாதிரி ஊடுருவுற மருந்துக்குக் கழுவுறது உதவாது. மத்ததுக்கு ஒரு லிட்டர் தண்ணிக்கு 10 கிராம் சமையல் சோடா, தலை தட்டி ரெண்டு டீஸ்பூன். அதுல 15 நிமிஷம் ஊறவச்சு ஓடுற தண்ணியில அலசுங்க. 2017-ல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துல ஆப்பிளை வச்சுப் பண்ணின ஆய்வுல, வெறும் தண்ணியை விட இது நல்லா வேலை செஞ்சது. ஆனா தோலுக்குள்ள இறங்கினது அதுலயும் மிச்சம் இருந்தது. காலிஃபிளவரைப் பூப்பூவா பிரிச்சுட்டு ஊறவைங்க, முழுசா போட்டா தண்டு இடுக்குல தண்ணி இறங்காது. மத்த காயை வெட்டி ஊறவைக்காதீங்க.

செக்கு எண்ணெய் வேற, ஆர்கானிக் வேற. கடலை எண்ணெயில மருந்தை விட பூஞ்சைதான் கவலை. சரியா காயாத கடலையை ஆட்டினா அஃப்ளாடாக்சின்ங்கிற பூஞ்சை நஞ்சு எண்ணெயிலயும் இறங்கும், ரீஃபைன் பண்ணாததால அது நீங்காது. செக்குல நின்னு கடலையைக் கையில அள்ளிப் பாருங்க. சுருங்கினது, கருத்தது கலந்திருந்தா வாங்காம வந்துடுங்க. வெல்லம் வெளிர் மஞ்சளா இருந்தா வெளுக்க ஹைட்ரோஸ்ங்கிற ரசாயனம் போட்டிருக்க வாய்ப்பு ஜாஸ்தி, கருத்த வெல்லம் வாங்குங்க.

இன்னொண்ணு. போர் தண்ணி குடிக்கிறீங்கன்னா ஆர்கானிக்குக்கு முன்னாடி ஃப்ளோரைடு டெஸ்ட் எடுங்க. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினா குழந்தைக்கு ஆகாது. கொதிக்க வச்சா ஃப்ளோரைடு போகாது. நம்ம மாவட்டத்துல இதுதான் முதல் செலவு.

பதில்: ராயக்கோட்டை ரவுண்டு

சான்று இல்லாதவங்ககிட்ட வாங்குறதுன்னா விலையைக் கவனிங்க. அவங்க தக்காளி விலை ராயக்கோட்டை மார்க்கெட்டோட தினமும் ஏறி இறங்கினா, பெரும்பாலும் அங்க எடுத்து இங்க விக்கிறாங்கன்னு வச்சுக்கலாம். சொந்தமா விளைவிக்கிறவங்க சீசனுக்கு ஒரு விலை வச்சிருப்பாங்க, நடுவுல "இந்த வாரம் காய் இல்ல"ன்னும் சொல்லுவாங்க.

அப்புறம் "கத்தரிக்குக் காய்ப்புழு வந்தா என்ன பண்றீங்க?"ன்னு கேளுங்க. வாடின நுனியைக் கிள்ளிப் போடுறோம், இனக்கவர்ச்சிப் பொறி வச்சிருக்கோம், 100 லிட்டருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டை இடிச்சு ஊறவச்சு, காதி சோப்பு கலந்து சாயங்காலம் அடிக்கிறோம்னு மடமடன்னு வந்தா சரி. "எங்க தோட்டத்துல பூச்சியே வராது"ன்னா கிளம்பிடுங்க.

பதில்: மாந்தோப்பு

மாம்பழத்தை விட்டுட்டீங்களே. பூ எடுக்குறப்ப தத்துப்பூச்சிக்கு அடிப்பாங்க, அதுக்கும் அறுவடைக்கும் மாசக்கணக்குல இடைவெளி இருக்கு. தோலையும் சீவிடுறோம். பழத்துல பிரச்சனை பழுக்க வைக்கிறதுல. கார்பைடு கல்லுக்குத் தடை இருக்கு, எத்திலீன் வாயு அளவோட விடலாம். ஆர்கானிக் விலை கொடுக்குறதுக்குப் பதிலா சீசன்ல கிருஷ்ணகிரிப் பக்கம் தோப்புலயே செந்தூராவோ பங்கனபள்ளியோ முத்தின காயா எடுத்து வைக்கோல்ல வைங்க, ஒரு வாரத்துல பழுத்துடும். முத்தினதான்னு பார்க்க ஒரு பக்கெட் தண்ணியில போடுங்க. முங்கினது முத்தினது, மிதக்குறதை ஊறுகாய்க்கு ஒதுக்குங்க.