மறுமொழி: ராடாரைக் கேட்கும் வண்டிக்கருவிக்குத் தமிழ்ப்பெயர்

அன்புள்ள குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

டர்பன் நகரின் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பகுதிகளின் வார இறுதித் தமிழ் வகுப்புகளுக்காக நாம் தொகுத்துவரும் சாலைச் சொற்பட்டியலில், ‘ராடார் டிடெக்டர்’ (காவலரின் வேக ராடார் அருகில் இருப்பதை ஓட்டுநருக்கு முன்கூட்டியே சொல்லும் வண்டிக்கருவி) என்ற ஒரு பதிவு மட்டும் முடிவுக்கு வராமல் நிற்கிறது. இதுவரை ‘ராடார் கண்டறிவி’, ‘ராடார் உணரி’, ‘ஒட்டுக்கேட்பி’ ஆகிய மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றுமே எனக்கு முழுமையாக ஒப்பவில்லை என்பதால், கருவி செய்யும் வேலையை முதலில் சொல்லிவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன்.

காவலர் கையில் இருக்கும் வேக ராடார் நுண்ணலைகளை அனுப்புகிறது; அவை வண்டியின் மேல் பட்டுத் திரும்பும்போது அவற்றின் அதிர்வெண் சற்றே மாறியிருக்கும். இதுவே டாப்ளர் விளைவு. கே பட்டை எனப்படும் நுண்ணலை அதிர்வெண் வரம்பில் 24.15 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பினால், மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் எதிரே வரும் வண்டியிலிருந்து திரும்பும் அலை ஏறத்தாழ 5,370 ஹெர்ட்ஸ் கூடுதலாக இருக்கும், 60 கி.மீ. வேகத்தில் அதில் பாதி. அந்த வேறுபாட்டைக் கணக்கிட்டே ராடார் வேகத்தைச் சொல்கிறது. ஆனால் வண்டிக்குள் கண்ணாடியோரம் ஒட்டப்படும் சிறுபெட்டி இந்தக் கணக்கு எதையும் செய்வதில்லை. அது எந்த அலையையும் ராடாரை நோக்கி அனுப்புவதும் இல்லை. எக்ஸ் பட்டையில் 10.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டியும், கே பட்டையில் 24.1 கிகாஹெர்ட்ஸை ஒட்டியும், கேஏ பட்டையில் 33.4 முதல் 36 கிகாஹெர்ட்ஸ் வரையிலும் ஏதேனும் அலை காற்றில் இருக்கிறதா என்று இடைவிடாமல் துழாவும் ஒரு வானொலிப்பெட்டிதான் அது.

காவலரின் ராடாரை விட இது முந்திக்கொள்வதற்கும் காரணம் இதுவே. ராடாருக்குத் தன் அலை போய்த் திரும்பியாக வேண்டும். தொலைவு இருமடங்கானால் திரும்பிவரும் ஆற்றல் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. பெட்டிக்கோ அலை ஒருவழி வந்தால் போதும். அதே தொலைவு மாற்றத்தில் நாலில் ஒரு பங்காக மட்டுமே குறையும். மலையை நோக்கிக் கூவிவிட்டு எதிரொலிக்குக் காத்திருப்பவனுக்கு எதுவும் வந்து சேராத தொலைவிலும், எதிர்ப்பக்கத்தில் நிற்பவன் அந்தக் கூவலைத் தெளிவாகக் கேட்டுவிடுவான் அல்லவா, அதைப் போன்றதுதான்.

இனி, பரிந்துரைகள். ‘ராடார் கண்டறிவி’ என்பதை ராடாரைக் கண்டறிவது என்று இரண்டாம் வேற்றுமைத் தொகையாகவும் விரிக்கலாம். ராடாரால் கண்டறிவது என்று மூன்றாம் வேற்றுமைத் தொகையாகவும் விரிக்கலாம். பின்னதாக விரித்தால் அது காவலர் கையில் இருக்கும் கருவியையே குறித்துவிடும். வேட்டைக்காரனுக்கும் மானுக்கும் ஒரே பெயர் சூட்டுவது எந்தச் சொற்பட்டியலுக்கும் அழகன்று. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசி, வாரத்தில் ஒருநாள் மட்டும் தமிழ் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு வேற்றுமைத் தொகையைச் சூழல் பார்த்துப் பிரித்துக்கொள் என்று சொல்வது பொருந்தாது.

‘ராடார் உணரி’யில் சிக்கல் இன்னும் கூடுதல். நாம் ஏற்கெனவே ‘சென்சார்’ என்பதற்கு ‘உணரி’ என்று வைத்துவிட்டோம். இன்றைய வண்டிகள் பலவற்றின் பின்புறத்தில், பக்கவாட்டு மறைவிடத்தைக் கவனிக்கும் ராடார் உணரிகள் இருக்கின்றன. அவற்றுள் பல 24 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே இயங்குகின்றன. நம் கருவி பொய்யாகக் கூவுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இவைதான். பேரங்காடிகளில் தானாகத் திறக்கும் கதவுகள் மற்றொன்று. ஆகவே, “முன்னால் போகும் வண்டியின் ராடார் உணரியை என் ராடார் உணரி காவல்துறை ராடார் என்று தவறாக உணர்ந்தது” என்று எழுத நேரும். படிப்பவர் தலைசுற்றிப் போவார்.

மூன்றாவதான ‘ஒட்டுக்கேட்பி’ எனக்கு மிகவும் பிடித்த சொல் என்பதை மறைக்கவில்லை. முன்மொழிந்த பீனிக்ஸ் அன்பர், இந்தக் கருவியின் இயல்பை ஒரே சொல்லில் பிடித்துவிட்டார். தமக்கு அனுப்பப்படாத செய்தியைக் கேட்பதுதான் ஒட்டுக்கேட்டல். ஆனால் இக்கருவிக்கென்றே அனுப்பப்படும் செய்திகளும் உள்ளன. அமெரிக்காவில் 1990களில் வந்த பாதுகாப்பு எச்சரிக்கை முறையில், சாலைப்பணி நடக்கும் இடங்களிலும் அவசர ஊர்திகளிலும் வைக்கப்படும் சிறிய அலைபரப்பிகள், கே பட்டையில் 24.1 கிகாஹெர்ட்ஸில், முன்பே வகுத்த 64 அறிவிப்புகளில் ஒன்றை அனுப்ப முடியும்; அம்முறையை அறிந்த பெட்டி அதை எழுத்தாகவே காட்டும். “முன்னே சாலைப்பணி” என்று தனக்கு வரும் அறிவிப்பைக் கேட்பவனை ஒட்டுக்கேட்பவன் என்று எப்படிச் சொல்வது? தவிர, குற்றச்சாட்டைச் சட்டம் சுமத்தட்டும். கலைச்சொல் சுமத்த வேண்டியதில்லை.

எனவே அதிலிருந்து ‘ஒட்டு’ என்பதை மட்டும் நீக்கி, ‘ராடார்கேட்பி’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. ராடாரால் எதையும் ‘கேட்பது’ என்ற பேச்சு வழக்கில் இல்லாததால், இச்சொல்லை ராடாரைக் கேட்பது என்று மட்டுமே விரிக்க முடியும். கருவி தன்னிடம் வந்து சேர்வதை வாங்கிக்கொள்கிறது, தான் தேடி எதையும் அனுப்புவதில்லை என்பதும் இதில் அடங்கிவிடுகிறது. ‘பூச்சிக்கொல்லி’ போல வல்லினம் மிக வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு ‘உயிர்கொல்லி’யைக் காட்டுவேன், ரகர ஒற்றுக்குப் பின் அதையே பின்பற்றுவோம். ராடாருக்கே ‘கதுவீ’ என்ற தமிழாக்கம் இருப்பதையும் அறிவேன். பிள்ளைகள் சாலையில் கேட்கும் சொல் ராடார்தான் என்பதால், இங்கே அதையே வைத்துக்கொள்ளலாம்.

காவலர்கள் வேகம் பார்க்கும் லேசர்க் கருவிகளையும் இப்பெட்டி உணர்கிறதே, அதற்குக் ‘கேட்பி’ பொருந்துமா என்று மொரீசியஸ் அன்பர் எழுப்பிய கேள்வி சரியானது: ஒளியை யாரும் கேட்பதில்லை. ஆனால் 904 நானோமீட்டர் அகச்சிவப்புத் துடிப்புகளை அனுப்பும் அக்கருவியின் கற்றை மிகவும் குறுகலானது. 300 மீட்டர் தொலைவிலும் அது ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமே இருக்கும். பெட்டி அதை உணரும் நேரத்தில் பெரும்பாலும் வேகம் பதிவாகி முடிந்திருக்கும். முன்கூட்டிச் சொல்லப் பயன்படாத அந்தப் பகுதிக்கு இப்போதைக்குத் தனிப்பெயர் தேவையில்லை என்று கருதுகிறேன்.

தனிப்பெயர் தேவைப்படுவது வேறொன்றுக்கு. கேட்பி, ராடாரை நோக்கி எதையும் அனுப்பாவிட்டாலும், அதன் உள்ளே இருக்கும் அலையியற்றியிலிருந்து கொஞ்சம் நுண்ணலை வெளியே கசிகிறது. அந்தக் கசிவைப் பிடித்து, கேட்பி வைத்திருக்கும் வண்டியை அடையாளம் காணும் கருவிகளை, கேட்பிகள் தடைசெய்யப்பட்ட அமெரிக்காவின் வர்ஜீனியா போன்ற இடங்களில் காவலர்கள் பயன்படுத்தியுள்ளனர். திசைகாட்டி போல இதைக் ‘கேட்பிகாட்டி’ எனலாம். ராடாரையே திணறடிக்கும் கருவிக்கு ‘ராடார்குழப்பி’ போதும்.

பதிவின் கீழ் வரும் விளக்கத்தில் இரண்டு செய்திகளைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஒன்று, தென்னாப்பிரிக்கச் சட்டப்படி இக்கருவியை வண்டியில் வைத்து ஓட்டுவதே குற்றம் என்பது. இன்னொன்று, நம் சாலைகளில் வேகம் பார்க்கும் முறைகளில் பலவற்றைக் கேட்பியால் கேட்கவே முடியாது என்பது. சாலைப்பரப்பில் பதித்த அழுத்த உணரிகளின் மேல் சக்கரம் ஏறும் நேரத்தைக் கொண்டு வேகத்தைக் கணிக்கும் முறையில் நுண்ணலையே இல்லை. போஃபோர்ட் வெஸ்ட் அருகே ஆர்61 சாலையில் 2011இல் நடைமுறைக்கு வந்த சராசரி வேகக் கண்காணிப்பிலும் அப்படியே: இரண்டு முனைகளிலும் வண்டியெண்ணைப் படம்பிடித்து, இடைப்பட்ட தொலைவை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்துவிடுகிறார்கள். புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் திருவிழாவிற்கு விரையும் நம்மவர்கள் சிலர் இதை அறிந்திருந்தால் நல்லது.

இருப்பிடப் பட்டியலைக் கொண்டு கேமரா இருக்கும் இடத்தைச் சொல்லும் கைப்பேசிச் செயலிகள் எதையும் ‘கேட்பதில்லை’. அவை கேட்பி ஆகமாட்டா. ரெயூனியன் தீவில் செல்லுபடியாகும் பிரெஞ்சுச் சட்டம், ராடார் நிற்கும் இடத்தை அறிவிக்கும் கருவிகளை 2012 முதல் தடைசெய்து, ஆபத்தான சாலைப்பகுதி என்ற பொது எச்சரிக்கையை மட்டும் அனுமதிக்கிறது. எனவே அச்செயலிகளுக்கு ‘இடமறிவிப்பி’ என்று தனிப்பதிவு தரலாம். அங்குள்ள அன்பர்கள் இதற்கு மேலும் பொருத்தமான சொல் வைத்திருந்தால் பட்டியல் அச்சுக்குப் போகும் முன் எழுதுங்கள்.

அன்புடன்,
டர்பனிலிருந்து ஒரு குழு உறுப்பினர்