கலைச்சொல் விவாதம்: போர்பனோடு ஸ்காட்ச் சேர்ந்தால் அதற்கு என்ன பெயர்?

மடல் 1 – இழையைத் தொடங்கியவர்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

விஸ்கி சுவைக்குறிப்புகள் சிலவற்றைத் தமிழில் எழுதிவருகிறேன். பீட் (பார்லியை உலர்த்த எரிக்கும் சதுப்புநிலக் கரி) புகைக்கும் கரிந்த ஓக் மரத்துக்கும்கூடச் சொல் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு சொல்லில் மூன்று வாரமாக முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஹை வெஸ்ட் வடிசாலை 2012இல் 'கேம்ப்ஃபயர்' என்ற விஸ்கியைக் கொண்டுவந்தது. அமெரிக்க மக்காச்சோள விஸ்கியான போர்பன், ரை தானிய விஸ்கி, புகை ஏறிய ஸ்காட்ச் மால்ட் (முளைகட்டிய பார்லியில் வடித்த ஸ்காட்லாந்து விஸ்கி) மூன்றும் ஒரே பாட்டிலில். 2019இல் ஜப்பானின் சன்டோரி நிறுவனம் ஜப்பான், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, அமெரிக்கா, கனடா என ஐந்து நாட்டு விஸ்கிகளைச் சேர்த்து 'ஆவோ'வை வெளியிட்டது. இந்த வகையைத் தமிழில் எப்படிச் சொல்வது?

முதல் வரைவில் 'கலப்பு விஸ்கி' என்று எழுதினேன். படித்துப் பார்த்த நண்பர் கேட்ட முதல் கேள்வி: "எதைக் கலப்படம் செய்தார்கள்?" அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. 'கலப்பு' என்றதும் நம் காது பாலில் தண்ணீரைத் தேடப் போய்விடுகிறது.

ஆங்கிலத்தில் 'பிளெண்ட்' என்ற ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. மால்ட் விஸ்கியோடு பிற தானிய விஸ்கியைச் சேர்ப்பது ஒன்று. பிரிட்டனில் 1860ஆம் ஆண்டுச் சட்டம், வரி கட்டுவதற்கு முன்பே கிடங்கில் வைத்து இப்படிச் சேர்க்க இடம்கொடுத்தது. எடின்பரோவின் ஆண்ட்ரூ அஷர் போன்றவர்கள் அந்தத் தொழிலை வளர்த்தார்கள். பல வடிசாலைகளின் மால்ட்டுகளை மட்டும் சேர்ப்பது இரண்டாவது. நான் மேலே சொன்ன, நாடு விட்டு நாடு சேர்ப்பது மூன்றாவது. மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் என்பது என் கட்சி.

பெயரில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு பழைய வழக்கு. ஸ்பெயினில் 'கார்டூ' (Cardhu) என்ற ஸ்காட்ச் மால்ட்டுக்குக் கிராக்கி ஏறி, ஒரே வடிசாலையின் சரக்கு போதாமல் போனது. 2003இல் டியாஜியோ நிறுவனம் வேறு வடிசாலைகளின் மால்ட்டையும் சேர்த்து, ஏறக்குறைய அதே பாட்டிலில், 'சிங்கிள்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ப்யூர்' என்று போட்டது. ஸ்காட்லாந்தே கொதித்தது. அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2009ஆம் ஆண்டு ஸ்காட்ச் விஸ்கி விதிகளில் 'ப்யூர் மால்ட்', 'வாட்டட் மால்ட்' (தொட்டியில் சேர்த்த மால்ட்) என்ற பெயர்களுக்கே இடமில்லாமல் போனது. 2011இல் காம்பஸ் பாக்ஸ் நிறுவனம் 'த லாஸ்ட் வாட்டட் மால்ட்' என்று ஒரு பாட்டில் போட்டு அந்தச் சொல்லுக்கு வழியனுப்பு விழாவே நடத்தியது. ஒரு சொல்லுக்கு இத்தனை பேர் சண்டை போட்டிருக்கிறார்கள். நாம் நான்கு மடல் எழுதினால் குறைந்துவிட மாட்டோம்.

என்னிடம் இருப்பவை: கலவை, கூட்டு, சேர்மானம், பிணைப்பு. ஒன்றும் ஒட்டவில்லை. கலவை என்றால் சிமெண்டு நினைவு வருகிறது; சேர்மானம் மருந்துச் செப்பில் இருக்கிறது.

மடல் 2 – இலக்கணம் பார்க்கும் ஐயா

தம்பிக்கு,

வெளியே எங்கும் தேட வேண்டாம். எழுத்திலக்கணத்தில் 'மயக்கம்' என்றாலே கலத்தல்தான். மெய்ம்மயக்கம் இரண்டு வகை. 'பக்கம்' என்பதில் ககரத்தோடு ககரம் நிற்பது உடனிலை மயக்கம். 'தங்கம்' என்பதில் ஙகரத்தோடு ககரம் நிற்பது வேற்றுநிலை மயக்கம். ஸ்காட்ச்சோடு ஸ்காட்ச் சேர்ந்தால் உடனிலை. ஸ்காட்ச்சோடு போர்பன் சேர்ந்தால் வேற்றுநிலை. உனக்கு வேண்டிய பாகுபாடு முழுவதும் இதிலேயே இருக்கிறது. குடித்தபின் வருவதும் மயக்கமே என்பது கூடுதல் வசதி.

மடல் 3 – போர்பன் பக்கத்து நண்பர்

ஐயாவின் மயக்கம் அழகு. ஆனால் பாட்டிலில் 'வேற்றுநிலை மயக்கம்' என்று எழுதினால் அது விஸ்கியின் வகையா, மருத்துவ எச்சரிக்கையா என்று தெரியாது.

எனக்குப் பெயரைவிடப் பொருளின் மேல்தான் கோபம். போர்பனுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. தானியத்தில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம்; வடிக்கும்போது ஆல்கஹால் 80 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது; பீப்பாயில் இறங்கும்போது 62.5க்கு மேல் இருக்கக் கூடாது. பீப்பாய் உள்ளே கரித்த புது ஓக்காக இருக்க வேண்டும். 1964இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதை நாட்டின் தனித்துவப் பொருளாகவே அறிவித்தது. ஸ்காட்ச்சுக்கும் அப்படியே: ஸ்காட்லாந்தில், ஓக் பீப்பாயில், குறைந்தது 3 ஆண்டு, தண்ணீரும் நிறத்துக்கான எளிய கேரமலும் தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது. இரண்டையும் ஒன்றாக ஊற்றிய நொடியில் இரண்டு பெயரும் செத்துவிடுகின்றன. பெயரிழந்த ஒன்றுக்கு ஏன் பெயர் தேடுகிறீர்கள்?

இன்னொன்று. 'பிளெண்ட்' என்றால் போர்பன்காரர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கச் சட்டத்தில் பிளெண்டட் விஸ்கி என்றால் 'ஸ்ட்ரெய்ட்' விஸ்கி (குறைந்தது இரண்டு ஆண்டு பீப்பாயில் முதிர்ந்தது) 20 விழுக்காடு இருந்தால் போதும். மிச்சம் மணமோ சுவையோ இல்லாத வெறும் எரிசாராயமாக இருக்கலாம். ஸ்காட்லாந்தில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே சேர்க்கும் தானிய விஸ்கியும் 3 ஆண்டு பீப்பாயில் கிடந்திருக்க வேண்டும். ஆகவே எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் அமெரிக்கப் பொருளில் ஒன்று, ஸ்காட்லாந்துப் பொருளில் ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மடல் 4 – வேதியியல் அம்மையார்

போர்பன் நண்பருக்கு,

ஸ்காட்ச் எதில் முதிர்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். உங்கள் சட்டம் புதுப் பீப்பாய் கேட்பதால் ஒருமுறை போர்பன் கிடந்த பீப்பாய் மறுமுறை போர்பனுக்கு ஆகாது. சுமார் 200 லிட்டர் கொள்ளும் அந்தப் பீப்பாய்கள் கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போகின்றன. அங்கே முதிரும் விஸ்கியில் பெரும்பங்கு இவற்றில்தான் கிடக்கிறது. மரத்துக்குள் ஊறி நின்ற போர்பன் மெல்ல வெளியே வந்து ஸ்காட்ச்சில் சேர்கிறது. மரத்தின் வழியாகச் சேர்ந்தால் மரபு, கரண்டியால் சேர்ந்தால் பாவமா?

பேசிக்கொண்டிருப்பதைவிடச் செய்து பார்ப்பது மேல் என்று நேற்று அளவுக்குவளையை எடுத்தேன். 50 விழுக்காட்டுப் போர்பன் 45 மி.லி., 40 விழுக்காட்டுப் புகை மால்ட் 15 மி.லி. சேர்ந்தபின் கணக்குப்படி 47.5. மூக்கில் புகை மட்டும்தான். போர்பன் எங்கோ அடுத்த அறையில் இருந்தது. மால்ட்டை 5 மி.லி.யாகக் குறைத்தேன். இப்போது 49. முதலில் வெனிலாவும் பழுப்புச் சர்க்கரையும் வந்தன. விழுங்கியபின் அணைத்த விறகின் வாடை மெதுவாக எழுந்தது. பீட் புகையில் உள்ள பீனால் வகைகளை மூக்கு மிகச் சிறு அளவிலேயே பிடித்துவிடும். கரித்த ஓக்கின் லிக்னின் என்ற மரப்பொருள் சிதைந்து வரும் வெனிலின் (வெனிலா மணம் தருவது) அவ்வளவு சத்தம் போடாது. அதனால் இது சரிபாதிச் சங்கதியே அல்ல.

மூடிவைத்து இன்று காலை மறுபடி முகர்ந்தேன். நேற்று இரண்டு குரலாக இருந்தது இன்று ஒன்றாகியிருந்தது. தொழிலில் இதற்கென்றே சேர்த்ததைச் சில வாரம் தொட்டியிலோ பீப்பாயிலோ கிடக்க விடுகிறார்கள். 'மேரியிங்' என்று பெயர். அதற்கும் சொல் வேண்டும்.

மடல் 5 – மற்றொருவர்

பிளெண்ட் என்றே எழுதிவிட்டுப் போவோமே. விஸ்கி என்பதையே மொழிபெயர்க்கவில்லை.

மடல் 6 – இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் நன்றி.

பிளெண்ட் என்பதைப் பேச்சிலிருந்து யாரும் எடுக்க முடியாது, எடுக்கவும் வேண்டாம். ஆனால் போர்பன் நண்பர் காட்டிய சிக்கல் அந்தச் சொல்லை வைத்திருந்தாலும் தீராது. ஒரே சொல்லுக்கு அட்லாண்டிக்கின் இரு கரையிலும் இரு பொருள் என்றால், கடன்வாங்கும்போது குழப்பத்தையும் சேர்த்தே வாங்குகிறோம்.

நான் முன்வைப்பது 'விரவல்'. விரவு என்றால் ஊடே பரவிக் கலத்தல். அதில் கலப்படத்தின் கறை இல்லை. விரவல் விஸ்கி, விரவினார், விரவுநர் என்று வினைக்கும் ஆளுக்கும் வளைந்துகொடுக்கிறது. மால்ட்டுகள் மட்டும் சேர்ந்தால் மால்ட் விரவல். நாடு தாண்டினால் வேற்றின விரவல்.

போர்பன் நண்பருக்கு இரண்டு வார்த்தை. போர்பனே பெரும்பாலும் பல பீப்பாய்களைச் சேர்த்ததுதான். ஒரே பீப்பாயிலிருந்து நிரப்பினால் அதைத் தனியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சிங்கிள் மால்ட்டும் ஒரே வடிசாலையின் பல பீப்பாய்கள் சேர்ந்ததே. இதனால்தான் 'ஒற்றை மால்ட்' என்ற மொழிபெயர்ப்பும் எனக்கு உறுத்துகிறது. படிப்பவர் ஒரே பீப்பாய் என்று நினைக்கிறார். 'ஒருசாலை மால்ட்' என்றால் ஐயமில்லை. ஆக, சேர்ப்பதில் தூய்மை கெடுவதில்லை. எங்கே கோடு கிழிப்பது என்பதில்தான் சண்டை. சட்டப் பெயர் போய்விடுகிறது என்று நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. அதனாலேயே வேறு பெயர் தேவைப்படுகிறது.

கேம்ப்ஃபயரில் இருப்பது ஒருசாலை மால்ட் அல்ல, மால்ட் விரவல் என்பதையும் கவனியுங்கள். 2012 நவம்பருக்குப் பிறகு ஒருசாலை மால்ட்டை ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைத்தாக வேண்டும். மொத்தமாக வெளியே அனுப்ப முடியாது. இன்னொரு வடிசாலையின் மால்ட்டைப் பெயருக்குக் கொஞ்சம் சேர்த்தாலும் அது விரவலாகிவிடும், அந்தத் தடையும் விலகிவிடும். வடிசாலையின் பெயரை வாங்கியவர் பயன்படுத்தாமலிருக்க இப்படிச் சேர்ப்பதைத் தொழிலில் 'டீஸ்பூனிங்' என்கிறார்கள். 'கரண்டி மால்ட்' என்று தமிழில் சொல்லலாமா? எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது, யாரும் மறுக்காதீர்கள்.

மடல் 7 – இலக்கணம் பார்க்கும் ஐயா

தம்பி,

மயக்கத்தைக் கைவிடுகிறேன். விரவலுக்கு இலக்கணத்திலேயே சான்று உண்டு. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக வரும் பெயர் விரவுப்பெயர். 'சாத்தன் வந்தான்' என்றால் ஆள். 'சாத்தன் வந்தது' என்றால் மாடு. இரு பக்கமும் நிற்கக்கூடிய பெயர். உங்கள் பாட்டிலுக்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. போர்பன், ஸ்காட்ச் இரண்டில் எது உயர்திணை என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

ஆனால் 'வேற்றின' வேண்டாம். கலப்பு என்பதில் இருந்த நாற்றம் இதிலும் இருக்கிறது. பிறப்பைப் பேசும் சொல். நாட்டுக்கு நாடு விஸ்கிக்கு வேறுபடுவது வடிக்கும் மரபு. ஆகவே இருமரபு விரவல். ஐந்து நாடு என்றால் பன்மரபு விரவல்.

அம்மையார் கேட்ட 'மேரியிங்'குக்குச் சொல் செய்யவே வேண்டாம். மணத்தல் என்றால் கூடுதல், மணம் புரிதல், மணம் வீசுதல் மூன்றும். ஆங்கிலத்துக்கு ஒன்று கிடைத்தால் நமக்கு மூன்று கிடைத்திருக்கிறது.

மடல் 8 – போர்பன் பக்கத்து நண்பர்

இருமரபு விரவல் என்ற சொல்லை ஏற்கிறேன். அந்தச் சரக்கை ஏற்கவில்லை. அமெரிக்க வகைக்கு 'சாராய விரவல்' என்று வையுங்கள். உள்ளே இருப்பது என்ன என்று அப்படியே தெரியட்டும்.

மடல் 9 – இழையைத் தொடங்கியவர்

நல்லது, சாராய விரவலையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

திருத்திய வரியை அதே நண்பருக்கு அனுப்பினேன்: "கேம்ப்ஃபயர் ஒரு பன்மரபு விரவல்; மணத்தபின் புகை பின்னால் நிற்கிறது." இந்த முறை அவர் கலப்படம் பற்றிக் கேட்கவில்லை. "எந்தெந்த மரபு?" என்று கேட்டார். போர்பனும் ரையும் ஒரே நாட்டில் பிறந்தாலும் இரண்டு மரபா என்று அடுத்த கேள்வி. ஐயா, இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று பாக்கி. ஆர்வலர்கள் ஒவ்வொரு பாட்டிலின் அடியில் மிஞ்சுவதையும் ஒரே பாட்டிலில் ஊற்றிச் சேர்த்துவருவார்கள். குடிக்கக் குடிக்க நிரப்புவார்கள். 'இன்ஃபினிட்டி பாட்டில்' என்கிறார்கள். 'அமுதசுரபி' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். அமுதசுரபியில் எடுக்க எடுக்க அதே அமுதம் வரும். என்னுடையதில் ஏழு மாதம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த போர்பன்களின் மேல் போன மாதம் ஐலா (ஸ்காட்லாந்துத் தீவு) புகை மால்ட்டின் கடைசி இரண்டு கரண்டியை ஊற்றினேன். அம்மையாரின் அளவுக்குவளைக் கணக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை. இப்போது பாட்டில் முழுவதும் மீன் உலர்த்திய கயிறு போல மணக்கிறது. 'மிச்சக்குப்பி' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.