ரிப்பீட்டர் போட்ட பிறகும் கோவை–ஊட்டி இணைப்பில் சிஆர்சி எரர் ஏறிக்கொண்டே இருக்கிறது – உதவி தேவை

மலைவழி:

வணக்கம். பத்து நாளாக ஒரே பிரச்சினையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த வேலையில் பழக்கமுள்ளவர்கள் வழி காட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.

நாங்கள் சின்ன இணையச் சேவை நடத்துகிறோம். கோவையிலிருந்து ஊட்டிக்கு ஒரு ஜோடி டார்க் ஃபைபர் (கருவி எதுவும் இணைக்காத வெறும் ஒளியிழை) குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். மேட்டுப்பாளையம், பர்லியாறு, குன்னூர் என்று ரோட்டோரமாகவே வருகிற கேபிள். ஓடிடிஆரில் (இழையின் நீளத்தை அளக்கும் கருவி) கோவை–குன்னூர் 74 கி.மீ., குன்னூர்–ஊட்டி 21 கி.மீ. இதில் 10ஜி (நொடிக்குப் பத்து ஜிகாபிட்) ஓட்ட வேண்டும். 95 கி.மீ.யை ஒரே வீச்சில் தாண்ட முடியாது என்பதால் குன்னூரில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து மாடுலர் ரிப்பீட்டர் (வரும் ஒளியைப் புதுப்பித்து மேலே அனுப்பும் கருவி) வைத்தோம். நாலு ஸ்லாட் சேஸிஸ், இரண்டு பவர் கார்டு (ஒன்று கரண்டில், ஒன்று −48 வோல்ட் பேட்டரியில்), ஒரு ரிப்பீட்டர் கார்டு. அந்தக் கார்டில் இரண்டு எஸ்எஃப்பி பிளஸ் துளைகள் (ஒளியை அனுப்பி வாங்கும் மாட்யூலைச் சொருகும் இடம்). கோவைப் பக்கம் ஒன்று, ஊட்டிப் பக்கம் ஒன்று. கோவை, குன்னூர், ஊட்டி எல்லா இடத்திலும் 80 கி.மீ. வரை போகும் இசட்ஆர் வகை மாட்யூல்தான் போட்டிருக்கிறேன். ஒரே வகையாக இருந்தால் ஒரு ஸ்பேர் போதும், அதோடு பவர் அதிகமாக இருப்பது நல்லது என்று நினைத்தேன்.

லிங்க் வந்துவிட்டது, எல்லா விளக்கும் பச்சை. ஆனால் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஊட்டியிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடுகிறது. வீடியோ நிற்கிறது, கேம் துண்டாகிறது என்கிறார்கள். பகலில் அவ்வளவாகப் புகார் இல்லை. கோவை ஸ்விட்சில் பார்த்தால் சிஆர்சி எரர் (வழியில் கெட்டு வந்த டேட்டாவின் எண்ணிக்கை) ஏறுகிறது. ஊட்டி ஸ்விட்சிலும் ஏறுகிறது.

மாட்யூல்கள் காட்டும் ரிசீவ் அளவு (சுழியத்தை நெருங்க நெருங்க வெளிச்சம் அதிகம்):

கோவையில் −17.4 டிபிஎம்
குன்னூர், கோவைப் பக்கம் −17.2
குன்னூர், ஊட்டிப் பக்கம் −4.1
ஊட்டியில் −4.3

74 கி.மீ. பக்கத்தில் லைட் குறைவாக வருவதுதான் காரணம் என்று நினைத்து, பர்லியாறு அருகே இரண்டு ஜாயின்ட்டைத் திறந்து மறுபடி ஸ்பிளைஸ் அடித்தோம் (இழை முனைகளை உருக்கி ஒட்டுவது). அந்த வழியில் மழைக்காலத்தில் மண் சரிந்து கேபிள் இழுபடுவது வழக்கம். ஆனால் எந்த மாற்றமும் இல்லை. கோவைப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர் (ஒளியைப் பெருக்கும் கருவி) வைக்கலாமா?

நெட்வொர்க்_மதுரை:

கார்டில் லிங்க் பாஸ் த்ரூ என்று ஒரு டிப் சுவிட்ச் இருக்கும், அது ஆனில் இருக்கிறதா? ஆனில் இருந்தால் ஒரு பக்கம் விழும்போது கார்டு மறுபக்கத்து லேசரையும் அணைத்துவிடும். கோளாறு எந்தப் பக்கம் என்றே தெரியாது. பிரச்சினை தீரும் வரை ஆஃப் செய்து வையுங்கள்.

−17 என்பது கொஞ்சம் குறைவாகத்தான் தெரிகிறது. ஆம்ப்ளிஃபயர் யோசனை சரிதான் என்று எனக்குப் படுகிறது.

ஒளிக்கம்பி_கரூர்:

நண்பரே, ஆம்ப்ளிஃபயருக்கு இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். −17 குறைவே இல்லை. இசட்ஆர் மாட்யூல் −24 வரை படிக்கும், உங்களுக்கு இன்னும் ஏழு டிபி கையிருப்பு இருக்கிறது. 1550 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 0.2 டிபி வைத்தால் 74 கி.மீ.க்குச் சுமார் 15. ஸ்பிளைஸ்களுக்கு ஒரு மூன்று, கனெக்டர்களுக்கு ஒன்று. மொத்தம் 19. மாட்யூல் +1.6 அளவில் அனுப்பினால் −17.4 வரத்தான் வேண்டும். உங்கள் கேபிள் கணக்குப்படி அப்படியே இருக்கிறது. மலைப்பாதையில் இப்படி ஒரு கேபிள் கிடைத்தது நல்ல விஷயம்.

எனக்குக் கவலை தருவது −4.1தான். இசட்ஆர் மாட்யூலின் ரிசீவர் தாங்கும் மேல் எல்லை −7. நீங்கள் அதைவிட மூன்று டிபி கூடுதலாக ஊற்றுகிறீர்கள். மூன்று டிபி என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம். இவ்வளவு வெளிச்சத்தில் ரிசீவர் திணறி ஒன்றைச் சுழியமாகவும் சுழியத்தை ஒன்றாகவும் படிக்கும். லிங்க் விழாது, விளக்கு பச்சையாகவே எரியும், பிட்டுகள் மட்டும் கெட்டுப்போகும்.

"அப்படியென்றால் கோவை ஸ்விட்சில் ஏன் எரர் வருகிறது, அங்கே −17தானே" என்று கேட்பீர்கள். பலரும் வழுக்கி விழும் இடம் இது. ரிப்பீட்டர் கார்டு ஸ்விட்ச் கிடையாது. அது ஃபிரேமைப் பிரித்துப் பார்ப்பதில்லை, சிஆர்சியைச் சரிபார்ப்பதும் இல்லை. வந்த ஒளியை மின்னாக மாற்றி, பிட்டின் உருவத்தையும் நேரத்தையும் சீராக்கி, மறுபடி ஒளியாக அனுப்பும், அவ்வளவுதான். ஊட்டியிலிருந்து குன்னூருக்கு வரும்போதே கெட்டுப்போன பிட்டை அது அழகாகச் சீராக்கிக் கோவைக்கு அனுப்பிவிடும். கெட்டுப்போனதை எண்ணும் முதல் ஆள் கோவை ஸ்விட்ச்தான். எரர் எங்கே எண்ணப்படுகிறதோ அங்கேதான் பிறந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ராத்திரியில் மட்டும் புகார் வருவதும் இதோடு பொருந்துகிறது. எரர் நாள் முழுக்க இருக்கும். எட்டு மணிக்கு டிராஃபிக் ஏறும்போது கெட்டுப்போகும் பாக்கெட்டும் அதே விகிதத்தில் ஏறும், அப்போதுதான் மக்களுக்கு உறைக்கும். பகல் ஒரு மணிக்குக் கவுன்டரைச் சுழியமாக்கிவிட்டுப் பாருங்கள்.

மலைவழி:

அண்ணா, பகலில் பார்த்தேன். அரை மணி நேரத்தில் கோவையில் 212 எரர். நீங்கள் சொன்னதுபோல எப்போதும் இருக்கிறது. −4.1ஐப் பார்த்து "லைட் அருமையாக வருகிறது" என்று நினைத்து அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. லிங்க் பாஸ் த்ரூவையும் ஆஃப் செய்துவிட்டேன்.

74 கி.மீ. பக்கம் சுத்தம்தான் என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி உண்டா? மறுபடி பர்லியாறு ஜாயின்ட்டைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒளிக்கம்பி_கரூர்:

உண்டு. கார்டில் லூப்பேக் வசதி இருக்கும். கோவைப் பக்கத்தைக் கார்டுக்குள்ளேயே திருப்பிவிடுங்கள். கோவையிலிருந்து போகும் ஒளி குன்னூர் வரை போய் அதே வழியில் திரும்பி வரும். 148 கி.மீ. பயணம், ஊட்டிப் பக்கத்துக்கு அதில் பங்கே இல்லை. இதற்கு இணைப்பை நிறுத்த வேண்டியிருக்கும், அதனால் விடியற்காலை மூன்று மணிக்குச் செய்யுங்கள். அதற்கு முன் கோவை ஸ்விட்சில் அந்த போர்ட்டை மற்ற விலான் (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) எல்லாவற்றிலிருந்தும் எடுத்துத் தனி விலானில் போடுங்கள். லூப் கண்டுபிடிக்கும் பாதுகாப்பு ஆனில் இருந்தால் அந்த போர்ட்டில் மட்டும் அணையுங்கள், இல்லையென்றால் ஸ்விட்சே போர்ட்டை மூடிவிடும். அரை மணி நேரம் டிராஃபிக் விட்டு, போனதும் வந்ததும் ஒன்றா, சிஆர்சி ஏறுகிறதா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. கார்டுக்குள் செய்யும் லூப் மட்டும்தான். இசட்ஆர் மாட்யூலின் டிரான்ஸ்மிட்டையும் ரிசீவையும் ஒரு மீட்டர் பேட்ச் கார்டால் நேராக இணைத்துவிடாதீர்கள். +2 டிபிஎம் அப்படியே −7 தாங்கும் ரிசீவரில் போய் விழும். ரிசீவர் செத்தே போகலாம்.

ஸ்பிளைஸ்காரன்:

தம்பி, ஊட்டிப் பக்கத்துக்கு 10 டிபி அட்டென்யுவேட்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் சொருகி) இரண்டு வாங்குங்கள். குன்னூரில் ஒன்று, ஊட்டியில் ஒன்று, இரண்டுமே ரிசீவ் இழையில். 5 டிபி போட்டால் −9 வரும், எல்லைக்கு இரண்டு டிபி தூரம்தான். பிற்பாடு யாராவது பிக்டெயிலை (கேபிள் முனையில் ஒட்டிய குட்டை இழையை) மாற்றி லாஸ் குறைந்தால் மறுபடி எல்லையில் போய் நிற்கும். 10 போட்டால் −14, இரண்டு பக்கமும் தாராளம்.

மாட்யூலின் வாயிலேயே அட்டென்யுவேட்டரைச் சொருகாதீர்கள். அதன் கனமும் பேட்ச் கார்டின் கனமும் சேர்ந்து மாட்யூலைக் கீழே இழுக்கும். ஓடிஎஃப் (கேபிள் இழைகள் வந்து முடியும் பெட்டி) பக்கம் போடுங்கள். ஓடிஎஃப் அடாப்டர் பச்சையா நீலமா என்று பார்த்து வாங்குங்கள். பச்சை ஏபிசி, முனை எட்டு டிகிரி சாய்வாக இருக்கும். நீலம் யூபிசி. இரண்டையும் முட்டவிட்டால் நடுவில் இடைவெளி விழும், லாஸ் ஏறும், ஒளி திரும்பிப் பிரதிபலிக்கும், முனையிலும் கீறல் விழும். "அதுவும் லாஸ்தானே, அட்டென்யுவேட்டருக்குப் பதில் அப்படியே விட்டுவிடலாம்" என்று சிலர் செய்வதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அது வேண்டாம்.

குன்னூர் அறையில் பனி ஈரம் இருக்கும். ஒவ்வொரு முனையையும் கிளிக் கிளீனரால் துடைத்து, ஸ்கோப்பில் பார்த்து, அதன் பிறகு சொருகுங்கள். மாட்யூலில் எதுவும் சொருகாத துளைக்கு ரப்பர் மூடி கட்டாயம். வெறும் கண்ணால் எந்த முனையையும் உற்றுப் பார்க்காதீர்கள். 1550 கண்ணுக்குத் தெரியாது, தெரியாததால்தான் ஆபத்து.

மலைவழி:

செய்தேன். லூப்பேக்கில் முப்பத்தைந்து நிமிடம், சிஆர்சி சுழியம். 74 கி.மீ. பக்கத்தின்மேல் ஒரு குற்றமும் இல்லை. கோவையில் உட்கார்ந்து அந்தச் சுழியத்தைப் பார்த்தபோது மனசு லேசானது.

அட்டென்யுவேட்டர் இன்று வந்தது. போட்ட பிறகு ஊட்டி மாட்யூலில் −14.3. ஊட்டி ஸ்விட்சில் ஐந்து மணி நேரமாக எரர் சுழியம். ஆனால் கோவையில் இன்னும் வருகிறது. முன்பு அரை மணிக்கு இருநூறு வந்தது, இப்போது முப்பது நாற்பது. குன்னூரில் ஊட்டிப் பக்கத்து மாட்யூல் −16.9 காட்டுகிறது. இரண்டு திசையும் ஒரே தூரம், ஒரே அட்டென்யுவேட்டர். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ஸ்பிளைஸ்காரன்:

குன்னூரில் அந்த பேட்ச் கார்டைக் கழற்றி பவர் மீட்டரில் பாருங்கள். மீட்டரை 1550இல் வைத்து அளக்க வேண்டும்.

மலைவழி:

மீட்டரில் −14.1.

ஒளிக்கம்பி_கரூர்:

அப்படியென்றால் இழையில் வருவது சரி, மாட்யூல் படிப்பதுதான் தப்பு. ரிசீவர் அடிபட்டிருக்கிறது என்றே தோன்றுகிறது. ஒன்று கேட்கிறேன். குன்னூருக்குக் கொண்டுபோவதற்கு முன் மாட்யூல்களை ஆபீசில் சோதித்தீர்களா? எப்படிச் சோதித்தீர்கள்?

மலைவழி:

அண்ணா... ஒரு மாட்யூலைச் சேஸிஸில் போட்டு, ஒரு மீட்டர் பேட்ச் கார்டால் டிரான்ஸ்மிட்டையும் ரிசீவையும் இணைத்து ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். லிங்க் வருகிறதா என்று பார்க்கத்தான். அதே மாட்யூலைத்தான் ஊட்டிப் பக்கத்தில் போட்டேன். நீங்கள் எச்சரித்ததைப் படித்தபோதே வயிற்றைக் கலக்கியது.

ஒளிக்கம்பி_கரூர்:

வருத்தப்படாதீர்கள், கையேட்டில் இது பெரிய எழுத்தில் இருக்க வேண்டிய விஷயம், பல கையேடுகளில் அப்படி இருப்பதில்லை. ஸ்பேரை மாற்றுங்கள். கார்டைக் கழற்ற வேண்டாம், மாட்யூலை மட்டும் ஓட்டத்திலேயே மாற்றலாம். முதலில் பேட்ச் கார்டை எடுத்து மூடி போடுங்கள், பிறகு மாட்யூலின் கொக்கியைத் தாழ்த்தி இழுங்கள். புதியதைப் போட்டு, வெப்பநிலை, பயஸ் கரன்ட் (லேசரை எரிய வைக்கும் மின்னோட்டம்), டிரான்ஸ்மிட் அளவு மூன்றையும் முதல் நாளே குறித்து வையுங்கள். ஒரு வருடம் கழித்து பயஸ் கரன்ட் ஏறியிருந்தால் லேசர் முதுமையடைகிறது என்று முன்கூட்டியே தெரியும்.

இனி ஆபீசில் சோதிக்கும்போது 15 டிபி அட்டென்யுவேட்டர் ஒன்றை நடுவில் போட்டு லூப் செய்யுங்கள்.

நெட்வொர்க்_மதுரை:

ஆம்ப்ளிஃபயர் என்று நான் சொன்னது தப்பு. −17ஐ மாட்யூலின் எல்லையோடு ஒப்பிடாமல் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். ஒரு சந்தேகம், ரிப்பீட்டருக்குப் பதில் ஆரம்பத்திலேயே ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்தால் இந்த 95 கி.மீ. ஓடியிருக்காதா?

ஒளிக்கம்பி_கரூர்:

வெளிச்சம் போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் 10ஜியில் ஒவ்வொரு பிட்டும் போகப் போக அகலமாகி அடுத்த பிட்டின்மேல் சாயும். இசட்ஆர் மாட்யூல் 80 கி.மீ. வரைக்குமான விரிவைத்தான் தாங்கும். ஆம்ப்ளிஃபயர் அந்தச் சாய்வையும் சேர்த்தே பெருக்கும். அதைச் சரிக்கட்டத் தனியாக ஒரு டிஸ்பெர்ஷன் காம்பென்சேட்டர் வாங்கியிருக்க வேண்டும். ரிப்பீட்டரில் பிட் புதிதாகப் பிறக்கிறது, விரிவுக் கணக்கும் குன்னூரிலிருந்து முதலிலிருந்து தொடங்குகிறது. ஒரே ஒரு அலைநீளம் ஓட்டுகிறவர்களுக்கு ரிப்பீட்டர்தான் சுலபம்.

இடம் கிடைத்திருந்தால் மேட்டுப்பாளையத்தில் வைத்திருக்கலாம், தூரம் இரண்டு பக்கமும் ஓரளவு சமமாகியிருக்கும். ஆனால் பூட்டும் பேட்டரியும் உள்ள அறை எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் வைக்க முடியும், அது எனக்கும் தெரியும்.

மலைவழி:

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். ஸ்பேர் மாட்யூலில் −14.2. கோவை, ஊட்டி இரண்டிலும் சிஆர்சி சுழியம், நேற்று ராத்திரி ஒரு போன்கூட வரவில்லை. லிங்க் பாஸ் த்ரூவை மறுபடி ஆன் செய்து, ஊட்டியில் கேபிளைக் கழற்றிப் பார்த்தேன். கோவை போர்ட் உடனே விழுந்தது, ரேடியோ பேக்கப் தானாக எடுத்துக்கொண்டது. கரண்டை நிறுத்தி பேட்டரி பவர் கார்டில் மட்டும் ஒரு மணி நேரம் ஓட்டியும் பார்த்துவிட்டேன்.

குன்னூர் ரேக் கதவின் உள்பக்கம் நாலு அளவையும் தேதி போட்டு ஒட்டியிருக்கிறேன். அதன் கீழே "ஊட்டி ரிசீவ் – 10 டிபி அட்டென்யுவேட்டரை எடுக்காதே" என்று சிவப்பில் எழுதியிருக்கிறேன். மூவருக்கும் மனமார்ந்த நன்றி.

கடைசியாக ஒன்று. கழற்றிய மாட்யூலில் டிரான்ஸ்மிட் நன்றாகத்தானே இருக்கிறது, ஸ்பேராக வைத்துக்கொள்ளலாமா?

ஸ்பிளைஸ்காரன்:

வேண்டாம் தம்பி. கொக்கியை உடைத்துவிட்டு, மேலே "ரிசீவர் போச்சு" என்று எழுதித் தனியாகப் போட்டுவிடுங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு மழையில் ஸ்பேர் தேடுகிற பையனின் கையில் அது போய்ச் சேரக் கூடாது.