தேடல் வரியில் எவ்வளவு எழுதலாம்?

செப்புத்தடம் (கீழக்கரை)
சேகரிப்பாளர் சந்திப்புகளில் கைமாறும் அட்டைகளிலும் வாட்ஸ்அப் அறிமுகங்களிலும் பெரும்பாலும் ஒரே வரிதான்: “பழைய நாணயம், தபால்தலை, சிப்பி, எது இருந்தாலும் சொல்லவும்.” இதைப் படிப்பவருக்கு நம்மிடம் எதைக் காட்டுவது என்றே தெரியாது. வகை, காலம், நிலை, பதிலுக்கு என்ன தருவோம் ஆகிய நான்கும் இந்தத் தேடல் வரியில், அதாவது நமக்கு என்ன வேண்டும் என்று எழுதும் வரியில், இருந்தாக வேண்டும் என்பது என் கட்சி.

நம் கரையில் இதற்குத் தேவை கூடுதல். “சேது காசு வேண்டும்” என்று மட்டும் எழுதினால் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் காசும் வரும், படுத்த காளைக்குக் கீழே ‘சேது’ என்று பொறித்தது. இராமநாதபுரம் சேதுபதிகளின் செப்புக்காசும் வரும். காலமும் அரசும் விலையும் வேறு. “டச்சுக் காசு” என்பதும் அப்படித்தான். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் VOC இணைப்பெழுத்து பொறித்த டொயிட் என்னும் சிறு செப்புக்காசு, 1726 முதல் 1794 வரை ஆண்டு போட்டு அடிக்கப்பட்டது. பின்பக்கக் கேடயத்தைப் பார்த்தால் எந்த டச்சு மாகாணத்துடையது, ஹாலந்தா, ஜீலந்தா, உட்ரெக்ட்டா என்று தெரிந்துவிடும். “டொயிட், ஜீலந்து, 1750க்கு முன், ஆண்டு படிக்கும்படி, மாற்றாக என்னிடம் இரண்டாக உள்ள ஹாலந்து டொயிட் ஒன்று தருவேன்.” ஒரே வரிதான், வீண் போன் வராது.

சோழிக்கரை (மண்டபம்)
காக்கா, காசுக்குச் சரி. அதே முறையைச் சிப்பிக்குக் கொண்டுவந்தால் கேடுதான் விளையும். “பளபளப்பு குறையாத சோழி” என்று நிலையைக் குறித்து எழுதுகிறவர், உயிரோடு இருக்கும் சோழியைப் பிடித்து வரச் சொல்கிறார். உயிருள்ளபோது அதன் தசைப்போர்வை ஓட்டின்மேல் படர்ந்து மூடிக் காக்கிறது. அதனால்தான் மினுக்கம் நிற்கிறது. செத்து அலையில் உருண்டால் மணல் தேய்த்து மங்கிப்போகும். கரையில் ஒதுங்கியதிலும் மினுக்கம் வேண்டுமென்று கேட்டால், மங்கிய ஓடுகளை அமிலத்தில் முக்கி எடுத்து எண்ணெயோ வார்னிஷோ பூசி அனுப்புகிறார்கள். அமிலம் பட்டால் நுண்வரிகள் கரைந்து, சோழியின் வாயோரப் பல்வரிசை மழுங்கும். அதை எதைக் கொண்டும் திருப்ப முடியாது.

ஆகவே சிப்பிக்காரர் எதை வாங்க மாட்டோம் என்பதை முதலில் எழுத வேண்டும். காசிஸ் கோர்னூட்டா, கரோனியா ட்ரைடோனிஸ் என்ற பெரிய சங்குகள், நாட்டிலஸ், டிரிடாக்னா மாக்சிமா, டிரிடாக்னா ஸ்குவாமோசா என்ற ராட்சதச் சிப்பிகள் எல்லாம் 2001இலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. பவளமும் அப்படியே. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகளிலிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது. இது தெரியாமல் “பெரிய சங்கு வகைகள்” என்று ஒருவர் எழுதினால், கொண்டுவந்து கொடுக்கிற படகுக்காரத் தம்பிதான் முதலில் மாட்டுவார்.

முத்திரைப்பிரியன் (பாம்பன்)
விவரம் குறைந்தால் பொருளே அழியும் என்பதற்குத் தபால்தான் நல்ல சாட்சி. “பழைய தபால்தலை” என்று எழுதினால் உறையிலிருந்து தலையை மட்டும் கத்தரித்துத் தண்ணீரில் ஊறவைத்து அனுப்புவார்கள். தனுஷ்கோடி அஞ்சலக முத்திரை விழுந்த அட்டையில் மதிப்பு முழுக்க முத்திரையில்தான், தலையில் இல்லை. 1964 டிசம்பர் புயலோடு அந்த ஊரே போனது. வெட்டிய ஒவ்வொரு அட்டையும் நிரந்தர நட்டம். “தனுஷ்கோடி முத்திரை, முழு உறை அல்லது முழு அட்டை, வெட்டாதது, ஊர்ப்பெயரும் தேதியும் படிக்கும்படி” என்று எழுதியே தீர வேண்டும்.

ஒரு சோதனையும் சொல்கிறேன். ஒரு ரூபாய்க்கு நூறு நயா பைசா என்ற தசம நாணயம் இந்தியாவில் 1957 ஏப்ரல் 1 அன்று வந்தது. நயா பைசா மதிப்புள்ள தலையில் அதற்கு முந்தைய தேதி விழுந்திருந்தால் முத்திரை போலி. புயலுக்குப் பிந்தைய தேதி இருந்தால் வாங்குமுன் நாலு பேரிடம் கேளுங்கள்.

வைகைமுகம் (அழகன்குளம்)
மூவரும் வாங்குகிறவர் பக்கம் நின்றே பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் தொல்லியல் துறை தோண்டிய குழிகளில் ரோமானியக் காசுகளும், ரௌலட்டட் எனப்படும் உருளைச் சக்கரக் கோடு போட்ட பழம் பானை ஓடுகளும் கிடைத்தன. பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் கிடைத்தது. இந்தக் கரையில் ஒரு தேடல் வரி என்றால் மண்வெட்டி எடுக்கிறவனுக்கு அது விலைப்பட்டியல். “பிற்கால ரோமச் செப்புக்காசு, சிறியது, கழுவாதது மட்டும்” என்று துல்லியமாக எழுதினால், எந்த மேட்டைத் தோண்ட வேண்டும், எப்படிக் கொண்டுவர வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லியாகிவிட்டது.

மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அதைவிடப் பெரிய நட்டம், எந்த மண்ணடுக்கில் எதனோடு கிடந்தது என்பது போய்விடுவது. அடுக்கு தெரிந்த தேய்ந்த காசு அந்த அடுக்கின் காலத்தைச் சொல்லும். அடுக்கு தெரியாத நல்ல காசால் அது முடியாது. மண்ணில் கிடைக்கக்கூடிய எதையும் வரியில் எழுதாதீர்கள். “தென்னிந்தியச் செப்பு நாணயங்களில் ஆர்வம்” என்பதோடு நிறுத்துங்கள்.

செப்புத்தடம் (கீழக்கரை)
தம்பி, அந்தப் பொது வரிதான் தோண்டுகிறவனுக்கு வசதி. எது கிடைத்தாலும் இவர் வாங்குவார் என்று நினைத்துக்கொள்வான். மறுப்பதற்கும் துல்லியம் வேண்டும்.

“கழுவாதது” பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு “சுத்தமான காசு” என்று போட்டால், புளியும் உப்பும் வைத்துத் துலக்கிப் பளிச்சென்று கொண்டுவருவார்கள். நூற்றாண்டுகளாகப் படிந்த பழுப்பு மேல்தோல் போய், எழுத்தின் ஓரமும் கரைந்து, காசு செத்த செம்பாகிவிடும். ஆகவே இரண்டும் வேண்டாம். “பழைய சேகரிப்பிலிருந்து வந்தது மட்டும், துலக்கியதும் மண் ஒட்டியதும் வேண்டாம்” என்று எழுதுவோம்.

வைகைமுகம் (அழகன்குளம்)
“தாத்தா பெட்டியில் இருந்தது” என்று எவனும் சொல்வான். அதை எப்படிச் சரிபார்ப்பீர்கள்?

செப்புத்தடம் (கீழக்கரை)
காசைப் பார்த்தே பெரும்பாலும் தெரியும். பெட்டியில் பல காலம் கிடந்ததில் மேடான இடங்கள் கைபட்டு வழவழப்பாக, கொஞ்சம் கருத்து இருக்கும். பள்ளங்களில் இருப்பது தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும். மண்ணிலிருந்து புதிதாக எடுத்ததில் பள்ளங்களில் மணல் கெட்டிப்பட்டு நிற்கும், ஊசியால் நெம்பினால் பொருக்காகப் பெயரும். நம் பக்கத்து மண்ணில் உப்பு அதிகம். வெளியே எடுத்த பின் ஈரக்காற்று பட்டதும் வெளிர்பச்சைத் தூள் பூக்கத் தொடங்கும். அது குளோரைடு அரிப்பு. துடைத்தாலும் திரும்ப வரும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பை வெளியேற்றி, நன்றாக உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வைத்தால்தான் கொஞ்சம் அடங்கும். அந்தத் தூளைப் படத்தில் பார்த்தாலே இது எங்கே கிடந்தது என்று கேட்கத் தொடங்கிவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் வைத்த காசிலும் பச்சை படரும். அது தூளாக இருக்காது, பசை போல ஒட்டும். அதை மண் காசு என்று நினைத்து நேர்மையான ஆளை விரட்டிவிடாதீர்கள். மைலார் என்ற பாலியெஸ்டர் உறைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

சோழிக்கரை (மண்டபம்)
சிப்பிக்கும் வழி கேட்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். பெயரைவிட ஓட்டோடு வரும் குறிப்புச் சீட்டைக் கேளுங்கள்: இடம், தேதி, ஆழம், கரையொதுங்கியதா வலையில் வந்ததா. “இடமும் தேதியும் உள்ள கரையொதுங்கல் மட்டும், உதடு உடைந்தாலும் பரவாயில்லை” என்ற வரியைப் பார்த்து யாரும் கடலில் குதிக்க மாட்டார்கள். விசைப்படகுக் கழிசலில் வரும் ஓடுகளுக்கும் ஆழம் எழுதிக்கொண்டால் ஆய்வுக்கு உதவும். ஆனால் அதிலும் அட்டவணை இனம் வந்தால் கையில் வாங்கக் கூடாது.

வைகைமுகம் (அழகன்குளம்)
அக்கா சொல்வதை ஏற்கிறேன். கரையொதுங்கியதை எழுதலாம். ரோமக் காசை எழுதலாம் என்று மட்டும் நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். தெரிந்த சேகரிப்பாளரிடம் நேரில் கேளுங்கள், பலர் கையில் சுற்றும் அட்டையில் அச்சடிக்க வேண்டாம்.

முத்திரைப்பிரியன் (பாம்பன்)
காக்கா, உங்கள் நான்கோடு எடை, விட்டம் இரண்டையும் சேர்க்கலாமா? டொயிட் சுமார் மூன்று கிராம்தானே, எழுதிவிட்டால் போலியை வடிகட்டிவிடலாமே.

செப்புத்தடம் (கீழக்கரை)
சேர்க்காதீர்கள். எடையை எழுதினால் போலிக் காசு வார்ப்பவன் அதே எடைக்கு ஊற்றிக் கொடுப்பான். சோதிக்கப் போவதை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. ஆள் பேச வந்த பிறகு கேளுங்கள்: மில்லிமீட்டர் அளவுகோல் மேல் வைத்து இருபக்கப் படம், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று, விளிம்பைச் சுற்றி மூன்று படம், 0.01 கிராம் தராசின் காட்சிப்படம். விளிம்பில் ஒட்டுக்கோடோ அதை அரத்தால் ராவிய தடமோ தெரிந்தால் அது வார்த்த போலி. காசின் வெற்றுப் பரப்பில் ஊசிமுனைக் குமிழ்க்குழிகள், சோப்புக்கட்டி போல உருண்ட எழுத்து இருந்தாலும் வார்ப்பு. விளிம்புப் படம் மட்டும் அனுப்பாமல் இழுத்தடிக்கிறவரிடம் வாங்க வேண்டாம். வீட்டு முகவரியையும் கைவசம் உள்ள அரிய காசையும் ஒரே அட்டையில் போடாதீர்கள், ஊர்ப்பெயரும் ஒரு போன் எண்ணும் போதும்.